மிக்ஸி அண்ணனின் நந்தி

கெட்டுப்போன மிக்ஸியின் அருமை தெரிந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் செங்கம் சாலையை ஒட்டிய எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்தார். பெயர் யாருக்கும் தெரியாது. மிக்ஸி அண்ணன், அவ்வளவுதான்.

ரிப்பேருக்குக் கொடுத்த சாமான் அவரிடமிருந்து சாமானாகவே திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. எதிர்வீட்டு அக்காவின் மிக்ஸி நாலாம் நாள் மயிலாக வந்து நின்றது. தோகை முழுக்க டிவி ரிமோட்.

"மோட்டாரு இன்னும் எத்தினி நாளு சட்னி அரைக்கும்? மயிலுன்னா காலத்துக்கும் நிக்கும்க்கா!" என்றார்.

"இட்லிக்கு மயிலையா தொட்டுக்கச் சொல்ற?" என்று அக்கா துடைப்பத்தைத் தேடினார்.

அண்ணனின் உச்சம், நந்தி. வாஷிங் மெஷின் டிரம்தான் உடம்பு. இஸ்திரிப் பெட்டிக் குளம்பு, சார்ஜர் ஒயர் வால், காதுக்கு ரெண்டு பழைய போன் ரிசீவர். வாசலில் மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. "பௌர்ணமிக்குள்ள இந்தக் குப்பையோட காலி பண்ணு" என்று வீட்டுக்காரர் கெடு வைத்தார். அண்ணனுக்கோ வேறு போக்கிடம் கிடையாது.

பௌர்ணமி சாயங்காலம் கிரிவலம் வந்த கீழ்பென்னாத்தூர் குடும்பம் ஒன்று தண்ணீர் கேட்டுத் தெருவுக்குள் நுழைந்தது. அந்தம்மா நந்தியைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, குனிந்து, மகள் கல்யாணத்தை ரிசீவரில் சொன்னார். நந்தி காதில் சொன்னால் நடக்கும் என்பது நம்பிக்கை. போன் என்றால் இன்னும் சீக்கிரம் போய்ச் சேரும் என்று நினைத்தார்களோ என்னவோ, அரைமணியில் வரிசை தெருமுனையைத் தொட்டது. காலி செய்யவைக்க வந்த வீட்டுக்காரரே செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார். காதில் சொல்லி முடித்துவிட்டு, "நந்தி இங்கயே இருக்கட்டும்பா. நீயும் இரு" என்றார்.

அப்பாடா என்றிருந்தது எங்களுக்கு. அண்ணனுக்குத்தான் பொறுக்கவில்லை.

"இது சாமி இல்லீங்க! நான் பண்ணது! கும்பிடாதீங்க, நல்லா பாருங்க!"

"கம்முனு இருங்கண்ணே, வீடு போயிடும்" என்று கையைப் பிடித்து இழுத்தேன். கேட்டால்தானே? ஸ்குரு டிரைவரை எடுத்து ரெண்டு காதையும் கழற்றிவிட்டார். கூட்டம் கலைந்தது. வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை மினி வேனில் நந்தியை ஏற்றினார். "அத்தினி பேரு கும்பிட்டாங்க. நல்லா பண்ணியிருக்கேன்னு ஒருத்தராச்சும் சொன்னாங்களா?" என்றார். வெளியே தொங்கிய வாலை நான் வேனுக்குள் எடுத்து வைத்தேன். "இந்தா, வெச்சிக்க. இனிமே இதுக்குக் காது வேணாம்" என்று ஒரு ரிசீவரை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

அது என் மேஜைமேல்தான் இருக்கிறது. வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்து எடுத்துச் சொல்வேன்: "ரொம்ப நல்லா பண்ணியிருந்தீங்கண்ணே."