அலுமினியப் பெட்டியில் கல்யாண மாலை

புது பைக் வாங்கியவனுக்குக் கொஞ்ச நாளைக்குப் புத்தி வேலை செய்யாது. இது பொது உண்மை. அந்த பைக்குக்குப் பெட்டி வாங்கக் கிளம்பியவனுக்கு மிச்சமிருக்கிற புத்தியும் போய்விடும். இது என் சொந்த உண்மை. அதற்குத் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு ஊரே சாட்சி.

நான் அப்போது தஞ்சாவூரில் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கல்யாணமான கையோடு ஒரு ஸ்போர்ட் டூரிங் பைக் வாங்கினேன். ரேஸ் வண்டியின் வேகமும் இருக்கும், முதுகு வலிக்காமல் நாள் முழுக்க ஓட்டவும் வசதியாக இருக்கும், தேசம் விட்டு தேசம் போகலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். நான் அதில் கல்லூரிக்குப் போய்வந்தேன். (நடுவில் ஒரு ரயில்வே கேட் உண்டு. அதைத் தாண்டுவதை எல்லை தாண்டுவதாக மனதுக்குள் வைத்துக்கொள்வேன்.)

தேசம் விட்டு தேசம் போகிற வண்டிக்குப் பெட்டி வேண்டாமா? அங்கேதான் சனி பிடித்தது. சோறு இறங்கவில்லை. சாப்பிடும்போதுகூடப் போனில் பெட்டி வீடியோ. துணிப் பை எடை குறைவு, ஆனால் எவனாவது பிளேடால் கிழித்துவிட்டால்? (தஞ்சாவூரில் என் பையைக் கிழிப்பவனுக்கு ஒரு காலி டிபன் பாக்ஸ் கிடைத்திருக்கும்.) டேங்க் பை பெட்ரோல் டேங்கின் மேல் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும், அழகாகத்தான் இருந்தது. மாட்டிப் பார்த்தால் குனியும்போதெல்லாம் வயிற்றில் இடித்தது. அதில் பையின் குற்றம் எதுவும் இல்லை. மூன்றாவது பிளாஸ்டிக் பெட்டி. வண்டியின் வளைவுக்கு ஏற்றபடி விலாவோடு ஒட்டி உட்காரும். கடைக்காரர் அதைத்தான் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

"சார், உங்க வண்டிக்கு இதுதான் பொருத்தம். அலுமினியப் பொட்டியெல்லாம் மலையேறுற வண்டிக்கு. இதுல மாட்டினா பால்காரர் வண்டி மாதிரி ஆயிரும்."

நான் அவரைப் பரிதாபமாகப் பார்த்தேன். நான் பார்த்த வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் பாலைவனத்தில் வண்டியோடு குட்டிக்கரணம் அடிக்கிறார். வண்டி கோணிக்கொள்கிறது. அலுமினியப் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் அதன் மேலேயே உட்கார்ந்து டீ குடிக்கிறார். அன்றே தீர்மானித்துவிட்டேன். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு அலுமினியப் பெட்டி. கூடவே அந்த வெள்ளைக்காரர் சிபாரிசு செய்த மடக்கு மண்வெட்டி (மணலில் சக்கரம் புதைந்தால் தோண்டி எடுக்க), காற்றடிக்கும் பம்ப், ஸ்பானர் கட்டு, அளக்கிற டேப். டேப் எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் வைத்திருந்தார், நானும் வாங்கினேன். அவரைப் போலவே தாடியும் விட்டேன்.

பெட்டியை மாட்டியபின் வண்டி எங்கள் வீட்டு கேட்டுக்குள் நுழையவில்லை. அம்மா வெளியே வந்து சுற்றிப் பார்த்தார்.

"என்னடா தம்பி இது, ரெண்டு பக்கமும் பீரோவ கட்டி வச்சிருக்க?"

இந்த நிலையில் ஆடிப்பெருக்கு வந்தது. ஆடி பிறக்கும்போதே என் மனைவி தேன்மொழியை அவள் அப்பா வீரையன் மாமா வந்து ஊருக்கு அழைத்துப் போய்விட்டார். ஆடி பதினெட்டுக்கு மாப்பிள்ளை போக வேண்டும், கல்யாணத்தன்று போட்ட மாலைகளைக் கொண்டுபோக வேண்டும். புது ஜோடி சேர்ந்து நின்று அவற்றைக் காவிரியில் விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்காகவே அம்மா இரண்டு மாலைகளையும் மாடி அறையில் ஆணியில் மாட்டி, யாரையும் தொடவிடாமல் காத்துவந்தார். ரோஜாவும் சம்பங்கியும் காய்ந்து, தொட்டால் முறுக்கு மாதிரி நொறுங்குகிற பதத்தில் இருந்தன.

தேன்மொழி போனில் படித்துப் படித்துச் சொன்னாள்.

"ஏங்க, மாலை முழுசா மெதந்து போகணும்ங்க. நம்ம ரெண்டு மாலையும் சேந்து போறதப் பாக்கணும்னு அம்மா ஆசையா இருக்காங்க. எனக்கும்தான். உச்சிக்கு முன்னாடி வந்துருங்க. பேசாம பஸ்ல வாங்களேன்."

"பஸ்ஸா? பெட்டி எதுக்கு வாங்கியிருக்கேன்?"

அம்மாவும் ஜவுளிக்கடை கட்டைப்பை ஒன்றை நீட்டினார். "இதுல வச்சு ஹேண்டில்ல மாட்டிக்கிட்டுப் போடா. காத்தாட இருக்கும்." நான் வாங்கவில்லை. பாலைவனத்தில் நசுங்காத பெட்டி இருக்கும்போது கட்டைப்பையா? மாலைகளை இடது பெட்டியில் வைத்தேன். கொஞ்சம் இடம் இருந்தது, அதனால் பம்ப்பையும் ஸ்பானர் கட்டையும் அதற்குள்ளேயே போட்டேன். இடது பெட்டியின் சாவியைப் பத்திரமாக வலது பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். ஆரஞ்சு நிறத்தில் பளபளக்கிற ஜாக்கெட், கையுறை, முழு ஹெல்மெட், ஹேண்டிலில் வரைபடத்தோடு போன். தஞ்சாவூரிலிருந்து மாமனார் வீடு டவுன் பஸ் போகிற தூரம்தான்.

திருவையாறு வழியாகப் போனேன். காவிரிக் கரையில் தண்ணீர் குழாய்க்காகச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பக்கத்திலேயே நல்ல பாதை இருந்தது. ஆனால் பெட்டியின் உறுதியை எப்போது சோதிப்பது? பள்ளத்தில் இறக்கி ஏற்றி, குதிக்கவிட்டு, மகிழ்ச்சியோடு போனேன். இடது பெட்டிக்குள் பம்ப்பும் ஸ்பானரும் என் கல்யாண மாலையை உரலில் போட்டு இடிப்பது போல் இடித்துக்கொண்டிருந்தன. எனக்கு அது தெரியவில்லை.

மாமனார் ஊர் நிலவரத்தைச் சொல்ல வேண்டும். அப்போது டெல்டாவில் வயலுக்கு அடியில் எரிவாயு இருக்கிறது, தோண்டப் போகிறார்கள் என்று ஊருக்கு ஊர் கொந்தளிப்பு. மாமாவின் அப்பா பண்ணையில் கூலி வேலை பார்த்தவர். அரைப்படி நெல் கூடக் கேட்டதற்காக அடி வாங்கியவர். மாமா காலத்தில்தான் ஒரு துண்டு நிலம் சொந்தப் பட்டாவோடு கைக்கு வந்தது. அதில் குழாய் இறக்க விட்டுவிடுவார்களா? மண்ணைச் சோதிக்க எவனாவது பெட்டியோடு வந்தால் விடக்கூடாது என்று ஊர் எல்லையில் வாய்க்கால் பாலத்தின் மேல் டிராக்டர் டிரெய்லரைக் குறுக்கே நிறுத்தி, பந்தல் போட்டு, முறை வைத்துக் காவல் இருந்தார்கள். மற்ற நாளில் இரண்டு கட்சிக்காரர்களும் டீக்கடையில்கூட எதிரெதிர் பெஞ்சில்தான் உட்காருவார்கள். இதில் மட்டும் ஒரே பந்தல். இதெல்லாம் எனக்குத் தெரியும். என் வண்டி எப்படி இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

பாலத்தில் நிறுத்தினேன். பந்தலில் இருந்தவர்கள் எழுந்தார்கள். ஆரஞ்சு ஜாக்கெட்டைப் பார்த்தார்கள், போனில் இருந்த வரைபடத்தைப் பார்த்தார்கள், இரண்டு பெட்டிகளையும் பார்த்தார்கள்.

"மாட்டிக்கிட்டான்டா!"

"நாங்கதான் மொதல்ல பாத்தோம்."

"நீங்க எங்க பாத்தீங்க? சீட்டுல்ல ஆடிக்கிட்டு இருந்தீங்க!"

என்னைப் பிடித்தது எந்தக் கட்சி என்பதில் கொஞ்ச நேரம் தகராறு நடந்தது. அது முடியட்டும் என்று நான் மரியாதையாகக் காத்திருந்தேன். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி, "நான் வீரையன் மாமா மருமகன்ங்க" என்றேன்.

பச்சைத் துண்டு போட்ட ஒருவர் என் முகத்தருகே வந்து பார்த்தார். "அடேய், அந்தக் கல்யாணத்துல பந்தியில பாயசம் ஊத்தினவன் நான். எங்க மாப்ள மழமழன்னு செரச்ச மொகம். யார்கிட்ட கத வுடுற? தெறடா பொட்டிய!"

வலது பெட்டியைத் திறந்தேன். முதலில் வந்தது மடக்கு மண்வெட்டி. கூட்டம் ஒரு அடி பின்வாங்கி, இரண்டு அடி முன்னால் வந்தது. அடுத்து டேப்.

"அளக்க வேற வந்திருக்கான்!"

"இல்லைங்க, இது பாலைவனத்துக்கு..." என்றேன். காவிரி வாய்க்கால் பாலத்தில் நின்றுகொண்டு இப்படிச் சொன்னவனை யார் நம்புவார்கள்?

"அந்தப் பொட்டியில என்ன?"

"மாலைங்க. கல்யாண மாலை. நீங்களே பாருங்க" என்று தைரியமாகச் சொல்லி இடது பெட்டியைத் திறந்தேன். உள்ளே மாலை இல்லை. பெட்டியின் அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு தூள். நயமாக, சலித்தெடுத்தது போல, நல்ல வண்டல் மண் மாதிரியே இருந்தது. அதன் நடுவில் பம்ப், குழாய் போட வந்த மெஷின் மாதிரி.

எனக்கு அவர்கள் மேல் பயம் போய்விட்டது. தேன்மொழியிடம் என்ன சொல்வேன் என்பதுதான் கவலை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பாரு, மாட்டினதும் அழுவுறான். எந்த வயல்ல எடுத்த? சொல்றா!"

அதற்குள் ஆற்றங்கரைக்கு ஆள் ஓடியிருக்கிறது. மாப்பிள்ளையை வரவேற்கப் புது வேட்டி கட்டித் தயாராக நின்ற மாமா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். நான் பெட்டிக்குள் குனிந்திருந்தேன். பின்னாலிருந்து காலரைப் பிடித்து ஒரே சுழற்று.

"எவன்டா எங்க மண்ணுல..." என்றவர் முகத்தைப் பார்த்தார். "அட, மாப்ள! வாங்க, வாங்க. வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

காலரை மட்டும் விடவில்லை. மறந்துவிட்டார். சௌக்கியம் மாமா என்று காலரில் தொங்கியபடியே சொன்னேன். பிறகு என்னைத் தரையில் இறக்கிவிட்டு, பெட்டிக்குள் கையைவிட்டுத் துழாவினார். வாழை நாரும், ஜிகினா சுற்றிய ஒரு குஞ்சமும் வந்தன. அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

"எந்த ஊரு வயல்லடா ஜிகினா மொளைக்குது? எங்க வீட்டு மாப்ளடா இது! ஏன் மாப்ள, மாலைய மெஷின்ல குடுத்து அரைச்சா கொண்டாந்தீங்க?"

பச்சைத் துண்டுக்காரர் என் கையைப் பிடித்து, "தப்பா நெனைக்காதீங்க மாப்ள, தாடிய எடுத்துருங்க" என்றார். ஊர்க்காரர்களே பெட்டியைக் கழற்றித் தூக்கிக்கொள்ள, ஊர்வலமாகப் படித்துறைக்குப் போனோம்.

படித்துறையில் தேன்மொழி பட்டுப்புடவையில் நின்றிருந்தாள். ஓடிவந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. "இதுல என்னுது எது, உங்களுது எது?" என்றாள். குரல் உடைந்திருந்தது. மாமியார் தாம்பாளத்தை இறக்கிவைத்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

உச்சிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. மாமாதான், "என்னவா இருந்தா என்ன, ரெண்டு பேரும் சேந்து எறங்குங்க" என்றார். முழங்கால் தண்ணீரில் இறங்கினோம். ஆளுக்கு ஒரு கை தூளை அள்ளி ஆற்றில் விட்டோம். நான் வேறு துக்கத்தில் தலையைக் குனிந்திருந்தேனா, பக்கத்தில் காதோலை கருகமணி விட வந்திருந்த வெளியூர் அம்மா ஒருவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"அடப்பாவமே, நல்ல நாளும் அதுவுமா சாம்பல் கரைக்கிறீங்களே! யாரு தம்பி, அப்பாவா?"

தேன்மொழி என்னைப் பார்த்தாள். தாடியில் பூந்தூள், கசங்கிய காலர், ஆரஞ்சு ஜாக்கெட். முதலில் மூக்கால்தான் சிரித்தாள். அப்புறம் அடக்க முடியாமல், என் தோளைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் விழப்போகிற அளவுக்குச் சிரித்தாள். "அப்பா இல்லீங்கம்மா. இவரோட அறிவு" என்றாள். மாமியாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தலையில் வைத்திருந்த கதம்பத்தை எடுத்து, அந்தக் குஞ்சத்தோடு சேர்த்துக் கட்டி எங்கள் இருவர் கையிலும் கொடுத்தார். அது முழுசாகவே மிதந்து போனது.

பெட்டிகளை அடுத்த வாரமே விற்றுவிட்டேன். ஊர் வைத்த பேரை விற்க முடியவில்லை. பிறகு எங்களுக்கு மகள் பிறந்தாள், அவளுக்கு அந்த ஊர்க் கோயிலில் காது குத்தினோம். வாய்க்கால் பாலத்தில் ஊர் இளைஞர்கள் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் நான் ஆரஞ்சு ஜாக்கெட்டோடு, கையில் மண்வெட்டியோடு, இரண்டு பெட்டிக்கும் நடுவில் நிற்கிறேன். (போட்டோ கொடுத்தது யார் என்று கேட்டால் தேன்மொழி வேறு பக்கம் பார்க்கிறாள்.) மேலே கொட்டை எழுத்தில், "எங்களிடம் பிடிபட்ட மண் ஆய்வு மாப்பிள்ளை அவர்களே, வருக! வருக!"

விசேஷம் முடிந்ததும் மாமாவைத் தனியாக அழைத்து, அதைக் கழற்றச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன்.

"இருக்கட்டும் மாப்ள" என்றார். "நெசமாவே எவனாச்சும் பொட்டியத் தூக்கிக்கிட்டு வந்தான்னு வைங்க, சொந்த மாப்ளயவே இந்தக் கதி பண்ணியிருக்கானுவன்னு அப்படியே திரும்பிப் போயிருவான்."

கழற்றவில்லை. காற்றில் கிழிந்தபோது புதிதாக ஒன்று அடித்துக் கட்டினார்கள். அதில் என் காலரைப் பிடித்தபடி மாமாவும் இருக்கிறார்.