ஒரு சாண் தழும்பு

இதயம் நின்றுபோக அரசாங்கத்தில் யாரும் முன் அனுமதி வாங்க வேண்டியதில்லை. நிற்க இருந்த இதயம் மறுபடி ஒழுங்காக ஓடத் தொடங்கிவிட்டால்தான் அதற்குரிய அலுவலகத்தில் ஒப்புதல் பெற வேண்டும். இந்த நியாயமான ஏற்பாட்டை அறியாமல், எடை அளவைத் துறையில் வேலை பார்த்த தராசு ஆய்வாளர் ஒருவர் பிழைத்துக்கொண்டார். அதனால் விளைந்தவற்றை உள்ளபடி சொல்வதே இங்கே நோக்கம்.

அவரைக் கடைக்காரர்கள் முள்ளு சார் என்பார்கள். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலாளியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் தராசின் முள்ளைப் பார்ப்பவர் என்பதால் வந்த பெயர். ஒரு நாள் முற்பகல் இரும்புக் கடை ஒன்றில் தராசு மயிரிழை கூட்டிக் காட்டுவதைக் கண்டுபிடித்து, அதைக் குறிக்கப் பேனாவை எடுத்தார். அப்போது நெஞ்சின் நடுவில் யாரோ பெரிய எடைக்கல்லைத் தூக்கி வைத்ததுபோல் இருந்தது. வலி இடது தோளில் இறங்கியது, தாடைக்கு ஏறியது. சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்தது.

கடைக்காரர் பதறிப்போனார். "சார், இத்துனூண்டு வித்தியாசத்துக்கு இவ்வளவு வருத்தப்படலாமா? நாளைக்கே தராசை மாத்திடறேன்" என்றார்.

விஷயம் வேறு என்று புரிந்ததும் அவரே முள்ளு சாரைச் சரக்கு வண்டியில் ஆணி மூட்டைகளுக்கு நடுவே உட்காரவைத்து, மருத்துவமனைக்குப் பறந்தார். துறைக்கும் வணிகப் பெருமக்களுக்கும் இடையிலான நல்லுறவில் அதற்கு இணையான நாள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மருத்துவமனையில் நடந்தவை யாவும் நடைமுறைக்குப் புறம்பானவை. யாரும் அவரை வரிசையில் நிற்கச் சொல்லவில்லை. யாரும் நாளைக்கு வரச் சொல்லவில்லை. ஒரு நர்ஸ் மாத்திரையை மென்று விழுங்கவைத்தார், இன்னொருவர் மார்பில் ஒயர்களை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார். இதய டாக்டர் அந்தத் தாளைப் பார்த்ததும் பேச்சைக் குறைத்து நடையைக் கூட்டினார். இத்தனை வேகத்தில் ஒரு வேலை நடப்பதைத் தன் பணிக்காலத்தில் கண்டிராத முள்ளு சாருக்கு நெஞ்சு வலியைவிட அதுதான் பீதியைக் கொடுத்தது. மணிக்கட்டை மரத்துப்போகவைத்து, அங்குள்ள ரத்தக் குழாய்க்குள் நூல் போன்ற குழலை நுழைத்து, அதை இதயம்வரை கொண்டுபோனார்கள். அடைத்திருந்த இடத்தில் கடுகளவு பலூனை ஊதி வழி பண்ணி, மறுபடி மூடாதிருக்க ஒரு வலைக்குழாயைப் பொருத்தினார்கள். விழித்த கண்ணோடு தன் இதயத்தைத் தானே திரையில் பார்த்துக்கொண்டிருந்தார் முள்ளு சார். வழி திறந்ததும் எடைக்கல் இறங்கிப்போனது.

"வலி வந்ததும் வந்தீங்க, அதான் இதயத் தசை பிழைச்சது. வீட்டுக்குப் போய்ப் படுத்துப் பார்க்கலாம்னு இருந்திருந்தா அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

சில நாளில் வீட்டுக்கு அனுப்பியபோது அவர் போட்ட கட்டளைகள் இரண்டு. மாத்திரையை நிறுத்தக் கூடாது. தான் சொல்லும்வரை மாடி ஏறி மூச்சு வாங்கக் கூடாது. முள்ளு சாரின் மேசை நான்காவது மாடியில் இருந்தது.

விசாரணை முதலில் வீட்டில்தான் தொடங்கியது. மனைவியின் அண்ணன், அதாவது மச்சான், பல வருஷத்துக்கு முன் நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்துகொண்டவர். தொண்டைக்குழிக்குக் கீழே புறப்பட்டு மேல்வயிற்றில் முடியும் அவருடைய தழும்பு குடும்பத்தின் அசையாச் சொத்து. அவருடைய சட்டைகளின் மேல் மூன்று பொத்தான்கள் துளையைப் பார்த்ததே கிடையாது. எந்த வீட்டுக்குப் போனாலும் மின்விசிறிக்கு நேர் கீழே அவருக்கு நாற்காலி உண்டு.

அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, தங்கை கணவரின் மணிக்கட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இதுவா மாப்பிள்ளை?"

"ஆமா மச்சான்."

"எங்க வீட்ல கொசு கடிச்சாலே இதைவிடப் பெருசா வீங்கும்."

பார்க்க வந்தவர்களும் ஏமாந்துபோனார்கள். நாற்காலியில் சாய்ந்து செய்தித்தாள் படிக்கும் நோயாளியிடம் பழப்பையைக் கொடுப்பதா, அப்படியே திரும்ப எடுத்துப்போவதா என்று சிலர் வாசலிலேயே தடுமாறினார்கள். சிகிச்சை அறைக்கு வெளியே அழுது முகம் வீங்கிய மனைவிக்கே கூச்சமாகிவிட்டது. அதன்பின் யாராவது கதவைத் தட்டினால், கணவரின் கையில் முழங்கைவரை கட்டுத்துணியைச் சுற்றி, "ஏங்க, கொஞ்சம் முனகுங்க" என்று காதோடு சொல்லிவிட்டுத்தான் திறந்தார்.

அலுவலகத்துக்கு முனகல் போதவில்லை. துறையின் விடுப்பு விதிகள், நெஞ்சைத் திறந்தால்தான் இதயம் என்று உலகம் நம்பிய காலத்தில் இயற்றப்பட்டவை. இதய நோய்க்கான சிறப்பு விடுப்பும், விடுப்பு முடிந்து வந்தபின் லிஃப்டில் ஏறும் உரிமையும் 'மார்பின் நடுவே ஒரு சாணுக்குக் குறையாத தழும்பு உடையோர்க்கு' மட்டுமே உரியன. துணை இயக்குநருக்கும் தழும்புக்கும் லிஃப்ட், ஏனையோருக்கு அவர்தம் ஆரோக்கியம் கருதிப் படிக்கட்டு.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. துணிக்கடையில் சாண் போட்டு அளந்தால் வழக்குத் தொடுப்பது இதே துறைதான். துணை இயக்குநர் அதை எளிதாகத் தீர்த்துவைத்தார். விற்பனைப் பொருளுக்குத்தான் அந்தத் தடை, ஊழியரின் மார்பு இதுவரை விற்பனைக்கு வரவில்லை என்றார். அப்படியானால் யாருடைய சாண் என்ற கேள்வி பிறந்தது. கேள்வி பிறந்ததால் குழுவும் பிறந்தது. குழு எல்லோர் கையையும் விரித்துப் பார்த்து, விதிப் புத்தகம் எவர் பொறுப்பில் உள்ளதோ அவர் கையே சாண் என்று முடிவுசெய்தது. அவர் கண்காணிப்பாளர். பனைமட்டை போன்ற கை.

கீழ்த்தளத்துக் காத்திருப்பு அறையில் அளவெடுப்பு நடந்தது. கண்காணிப்பாளர் முள்ளு சாரின் மணிக்கட்டில் கட்டைவிரலை ஊன்றிச் சாணை விரித்தார்.

"தழும்பைக் காணோமே."

"உங்க கட்டைவிரலுக்கு அடியில இருக்கு சார்."

"அப்ப சாண்தான் மிச்சம் இருக்கு, தழும்பு முடிஞ்சுபோச்சு." கண்காணிப்பாளர் கையை எடுத்தார். "அதோட இது கையில இருக்கு. நீங்க இதயம்னு கேட்டிருக்கீங்க."

"கை வழியா இதயத்துக்குப் போனாங்க சார்."

"உள்ள எங்க போனாங்கன்னு ஆபீஸ் எப்படிப் பார்க்கும்? போன வழிதான் நமக்குக் கணக்கு. கை வழியாப் போயிருந்தா அது கை சிகிச்சை."

மருத்துவமனையில் கொடுத்த வீடியோ படத்தையும் முள்ளு சார் நீட்டினார். குழல் போவதும், பலூன் விரிவதும், ரத்தம் பாய்வதும் அதில் துல்லியமாகத் தெரியும். படம் நான்காம் மாடிக்குப் போய், துணை இயக்குநரின் குறிப்போடு இறங்கிவந்தது: 'இதயம் நன்கு துடிக்கிறது. இன்னாருடையது என்று கொள்வதற்கு முகம் தெரியவில்லை.'

ஆணை பிறந்தது. மேற்படி ஊழியருக்கு வலது கையில் சிறு சிகிச்சை நடந்ததாகத் தெரியவருவதால், வலது கையால் எழுதுவதிலிருந்து அவருக்குக் கருணையுடன் விலக்கு அளிக்கப்பட்டது. கால்களில் குறைபாடு இல்லாமையால் படியேறத் தடை இல்லை. வரும் திங்களன்று நான்காம் மாடியில் பணியேற்கத் தவறினால் வேலையைத் துறந்தவராகக் கருதப்படுவார். ஆக, ஏறினால் இதயம் போகும், ஏறாவிட்டால் வேலை போகும். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் ஆட்சேபணை இல்லை என்ற அளவில் துறை பெருந்தன்மை காட்டியிருந்தது.

முள்ளு சார் டாக்டரிடம் ஓடினார், அதாவது ஆட்டோவில். ஒரு தழும்பு போட்டுக்கொடுக்க முடியுமா, தோலோடு நின்றால்கூடப் போதும் என்று தணிந்த குரலில் கேட்டார்.

டாக்டர் பேனாவைத் திறந்தார். "நெஞ்சைத் திறக்காம விடறதுக்குத்தானய்யா இவ்வளவு படிச்சேன். சரி, திறக்கிறேன். காரணம்ங்கிற இடத்துல என்ன எழுதட்டும், அலுவலக உபயோகத்துக்குன்னா?"

கடைசியில் அவர் காரமாக ஒரு கடிதம்தான் எழுதினார். அலுவலகம் அதை மரியாதையாகப் பெற்று, கை நோய்க் கோப்பில் சேர்த்தது.

நிலைமையைக் கையில் எடுத்தவர் மச்சான். "என் நெஞ்சு இருக்கும்போது நீ ஏன் மாப்பிள்ளை படியேறணும்?" என்று திங்கட்கிழமை காலை அவரே கிளம்பினார். இதய நோய் என்றால் என்ன என்பதை அதிகாரிகளுக்கு நேரில் விளக்கி, அதே நோய்தான் தன் தங்கை கணவருக்கும் என்று சாட்சி சொல்வது திட்டம். லிஃப்ட் இயக்குபவர் மச்சானின் திறந்த சட்டையைப் பார்த்ததும் எழுந்து நின்றார். தழும்புக்குத் துணையாக ஒருவர் ஏறலாம் என்று விதி இடம் கொடுத்ததால், புதிதாகப் பழுது பார்த்த இதயம் பழைய இதயத்துக்குத் துணையாக மேலே போய்ச் சேர்ந்தது.

துணை இயக்குநரின் அறையில் மச்சான் மிச்சமிருந்த பொத்தான்களையும் கழற்றினார். அறை எழுந்து நின்றது. கேட்காமலே கண்காணிப்பாளர் சாண் போட்டார். ஒரு சாண் முடிந்த பின்னும் தழும்பு நீண்டுகொண்டே போனது.

"இது இதயம்" என்றார் துணை இயக்குநர், குரல் தழுதழுக்க.

உற்சாகமான மச்சான் தன் அறுவைக் கதையைத் தொடங்கினார். ரம்பத்தால் நெஞ்செலும்பை அறுத்த கட்டம் வந்ததும் எப்போதும் உயரும் குரல் அன்று இறங்கியது. நெற்றியைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். கை தாடையைப் பிடித்தது. முள் அசைந்தால் முதலில் பார்க்கும் கண் முள்ளு சாருடையது.

"மச்சான், தாடை வலிக்குதா?"

"வாயு மாப்பிள்ளை. காலைல அவசர அவசரமாச் சாப்பிட்டது."

"இடது கை?"

"நாற்காலில ஊனி உட்கார்ந்தேன்ல, அதான்."

"எந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"எனக்கு எதுக்கு? எனக்குத்தான் ஏற்கெனவே வந்து போயிடுச்சே." மச்சான் தழும்பைத் தொட்டுக் காட்டினார். "இதோ அத்தாட்சி."

கண்காணிப்பாளர் அதை ஆமோதித்தார். விதிப்படி முழுத் தகுதி பெற்ற ஒருவரைக் கை நோயாளி சந்தேகிப்பது முறையல்ல என்றார். துணை இயக்குநர் ஒரு சோடா வரவழைக்கச் சொன்னார்.

அதிகாரி முன்னால் முள்ளு சார் குரல் உயர்த்தியது அன்றுதான். "அந்தத் தழும்பு பழைய அடைப்புக்குப் போட்டது சார். புது அடைப்புக்கு அதைத் தெரியாது."

துணை இயக்குநரின் மேசைத் தொலைபேசியை அனுமதியின்றி எடுத்து ஆம்புலன்ஸை அழைத்தார். மச்சான் நகர மறுத்தபோது சட்டையைப் பிடித்து லிஃப்டுக்கு இழுத்தார். திறந்தே கிடந்த சட்டை அதற்கு வசதியாக இருந்தது.

அதே மருத்துவமனை, அதே டாக்டர், அதே மௌனம், அதே வேகம். இந்த முறை இடது மணிக்கட்டு. பைபாஸில் வைத்த குழாய்களில் ஒன்று அடைத்திருந்தது, நேரத்தோடு வந்ததால் திறந்துவிட்டது. வார்டுக்கு வந்தபின் மச்சான் குனிந்து மார்பைத் தடவிப் பார்த்தார். புதிதாக ஒன்றும் இல்லை. கையைப் பார்த்தார்.

"அவ்வளவுதானா மாப்பிள்ளை?"

"அவ்வளவுதான் மச்சான்."

மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். உறங்கிவிட்டார் என்று முள்ளு சார் எழுந்தபோது மெல்லச் சொன்னார். "வீட்ல கேட்டா, திறந்து பார்த்துட்டு மூடினாங்கன்னு சொல்லு."

தன் அறையிலேயே ஒரு மாரடைப்பு வந்து போனதில் துணை இயக்குநர் ஆடிப்போனார். அவரும் பரிசோதனைக்குப் போனார், அவருக்கும் ஓரிடத்தில் அடைப்பு இருந்தது, அவரும் மணிக்கட்டில் ஒரு புள்ளியோடு திரும்பினார். அந்தப் புள்ளி ஆறுவதற்குள் விதி திருத்தப்பட்டது. காலத்துக்கேற்ற சிந்தனையின் வெளிப்பாடாக, இனி இதய விடுப்பும் லிஃப்டும் 'மணிக்கட்டில் ஒரு புள்ளி உடையோர்க்கு' மட்டுமே என்று சுற்றறிக்கை வந்தது. முள்ளு சாரின் விடுப்பு ஒப்புதலானது, வேலை தப்பியது.

அலுவலகமே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டது. கைக்கடிகாரங்கள் இடம் மாறின. புள்ளி இல்லாதவர்கள் தங்களுக்கும் ஏதாவது இருக்குமோ என்று ஏக்கத்தோடு பரிசோதனைக்குப் போய், ஒன்றும் இல்லை என்ற சோகச் செய்தியோடு திரும்பினார்கள். மச்சான்கூடக் கழுத்துவரை பொத்தான் போட்டு, இடது கையை முழங்கைவரை சுருட்டிவிட்டுத்தான் வெளியே கிளம்பினார். வீட்டில் முள்ளு சாரின் கட்டுத்துணி அவிழ்ந்தது. வருகிறவர்களுக்கு மனைவியே அவர் கையைத் திருப்பிக் காட்டினார்.

அனுபவசாலி என்ற முறையில் முள்ளு சார் விடுப்புக் குழுவில் உறுப்பினரானார். அவர் முன் வந்த முதல் மனு பதிவறை எழுத்தருடையது. எழுத்தருக்குப் பல இடங்களில் அடைப்பு, குழல் போக வழியே இல்லாமல் நெஞ்சைத் திறந்து சரிசெய்திருந்தார்கள். நின்றபடியே மூச்சு வாங்கிக்கொண்டு சட்டையை விலக்கிக் காட்டினார்.

முள்ளு சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "ரொம்பப் பெருசா இருக்கே. அதோட இது மார்புல இருக்கு."

"இதயம் அங்கதானே சார் இருக்கு."

"இருக்கட்டும். மார்பு வழியாப் போயிருக்காங்க, அதனால இது மார்பு சிகிச்சை. புள்ளி எங்க?"

எழுத்தர் இரண்டு மணிக்கட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குழு காத்திருந்தது. புள்ளி எங்கேயும் இல்லை. அவர் முகம் வாடியதைக் கண்டு முள்ளு சாருக்கு மனம் இளகிவிட்டது. எழுந்துவந்து அவர் தோளில் கைபோட்டு, தாழ்ந்த குரலில் யோசனை சொன்னார்.

"இதுக்குப் போய்க் கலங்கலாமா? மறுபடி ஒரு நடை போய், ஒரு புள்ளி மட்டும் போட்டுட்டு வந்துடுங்க. வலிக்கவே வலிக்காது."