எண்ணூறா, எண்ணூற்று இருபதா

சிப் பண்டிதர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார், தேடிப் பாருங்கள். யாரோ ஆசையாக வாங்கிவந்த புதுக் கைபேசியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நிற்பார். நீங்கள் நிறத்தைக் காட்டுவீர்கள், படம் எடுத்துக் காட்டுவீர்கள், கூடவே இலவசமாகக் கொடுத்த உறையைக்கூடக் காட்டுவீர்கள். அவர் எதையும் பார்க்கமாட்டார். கேட்பது ஒரே கேள்வி.

“சிப் என்ன?”

உங்களுக்குத் தெரியாது. அதுதான் அவருக்கு வேண்டியதும். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுக் கைபேசியைத் திருப்பிக் கொடுப்பார். “சரி, வாங்கியாச்சு. இனிமே பேசி என்ன ஆகப்போவுது.” அதோடு உங்கள் சந்தோஷம் முடிந்தது.

இந்தோனேசியாவின் சுரபாயா நகரத்தில், ரயில் பாதையை ஒட்டிப் போகும் சந்தில், இந்த இனத்தைச் சேர்ந்த உருப்படி ஒன்று இருக்கிறது. பெயர் தாமர். வயது பதினாறு. தொழிற்பள்ளியில் இரண்டாம் ஆண்டுப் பாதியில் தலைமையாசிரியரின் மோட்டார் சைக்கிளில் பிரேக் பிடித்தால் ஹார்ன் அடிக்கும்படி வயரை மாற்றி வைத்தான். அவரும் மூன்று கிலோமீட்டர் தூரம் ஊரெல்லாம் கூவிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார். மறுநாளிலிருந்து பள்ளிக்கும் அவனுக்கும் உறவு இல்லை. தன் மதிப்பெண் அட்டையை வீட்டில் காட்டியறியாத அந்தப் பயல், சோதனைச் செயலிகள் ஒவ்வொரு சிப்புக்கும் கொடுத்திருக்கும் மதிப்பெண்ணை மட்டும் லட்சம், ஆயிரம், நூறு என்று கடைசி இலக்கம் வரை ஒப்பிப்பான். நான்கு நானோமீட்டர் என்று சொல்லிக்கொண்டே இருப்பான். நானோமீட்டர் என்றால் எவ்வளவு என்று பக்கத்து வீட்டு நிங்சி அக்கா ஒருநாள் கேட்டுவிட்டாள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வேர்க்கடலை அளவுக்குக் காட்டினான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டான்.

அப்படியானால் அவனுடைய கைபேசியில் என்ன சிப்? கேட்காதீர்கள். திரை மூன்றாகப் பிளந்து, பின்மூடி ரப்பர் வளையத்தால் கட்டப்பட்டு, ஒரு படத்தைத் திறந்தால் அது திறப்பதற்குள் ஒரு ஷூ லேஸ் கட்டி முடிக்கலாம்.

“நீ ஏண்டா புதுசு வாங்கல?” என்றால், “அடுத்த மாசம் புது சிப் வருது, அதுக்குத்தான் வெயிட் பண்றேன்” என்பான். இரண்டு வருடமாக அந்த அடுத்த மாதம் வந்துகொண்டே இருக்கிறது.

அவன் அம்மா சுலஸ்த்ரி பைக் டாக்ஸி ஓட்டுகிறாள். நேரடியான பெண், நறுக்கென்று பேசுவாள், எதையும் எளிதில் நம்பமாட்டாள். கடையில் சோப்பு வாங்கினால்கூட அதைக் கையை முழுக்க நீட்டிப் பிடித்து, கண்ணை இடுக்கி, குற்றவாளியை விசாரிப்பது போலப் பார்ப்பாள். அம்மாவின் சுபாவமே எல்லாவற்றையும் தள்ளிவைத்துச் சந்தேகப்படுவது என்று தாமர் முடிவுகட்டி வைத்திருந்தான்.

அவளும் மற்ற ஓட்டுநர்களும் காத்துக்கிடப்பது தூத்திக் அக்காவின் காப்பிக் கடையில். சவாரி வந்தால் கைபேசி கூவும். பத்து நொடிக்குள் அமுக்க வேண்டும். இல்லையென்றால் அது அடுத்த ஆளுக்குப் போய்விடும். சுலஸ்த்ரிக்கு வந்ததெல்லாம் போய்க்கொண்டிருந்தது, பெரும்பாலும் ஜாத்மிகோவுக்கு. ஜாத்மிகோ ஐம்பது வயதுக்காரர், குடம் மாதிரி வயிறு, ஒரு சவாரியையும் தவறவிடமாட்டார்.

“உங்கம்மா போனு ஆமை, லே,” என்றார் ஒருநாள், டெம்பே என்கிற சோயா வறுவலைக் கடித்துக்கொண்டே. அங்கே பையன்களை லே என்றுதான் கூப்பிடுவார்கள். “அது ஆர்டரைக் காட்டுறதுக்குள்ள என் போனு கல்யாணம் பண்ணி ரெண்டு புள்ள பெத்துடுது.”

கடையே சிரித்தது. சுலஸ்த்ரியும் சிரித்தாள். தாமரும் சிரித்தான். சிரித்துக்கொண்டே ஜாத்மிகோவின் காப்பியில் இரண்டு கரண்டி உப்பைப் போட்டான். ஜாத்மிகோவிடம் அவனுக்கு ஏற்கெனவே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர் கைபேசித் தாங்கியில் ரப்பர் பல்லியைத் தொங்கவிட்டவன் அவன். அவர் தூங்கும்போது கைபேசியை எடுத்து, எழுத்தையெல்லாம் பூதாகாரமாக்கி, திரைக்கு நாலு வார்த்தை மட்டும் தெரியும்படி செய்துவைத்தவனும் அவன்தான். ஆனால் அன்று வீட்டுக்கு நடக்கும்போது விளையாட்டு எதுவும் தோன்றவில்லை. அம்மா இருட்டிய பிறகும் வீடு திரும்பாததற்குக் காரணம் ஒரு மெதுவான சிப். அது அவன் துறை.

“திங்கக்கெழம புது போன் வாங்கிடலாம், லே. சீட்டுப் பணம் வந்துருக்கு. நீயே பாத்துச் சொல்லு,” என்றாள் சுலஸ்த்ரி.

“ரெண்டு நாள் குடு.”

இந்த இனத்தின் இரண்டு நாள் எவ்வளவு நாள் என்று உங்களுக்குத் தெரியுமல்லவா? ஒரே கைபேசி, ஒரே பெயர், ஒரே நிறம், ஒரே பெட்டி. ஆனால் ஒன்றின் உள்ளே எண்ணூறு என்ற சிப், இன்னொன்றின் உள்ளே எண்ணூற்று இருபது. பெட்டியின் அடியில் எறும்பு எழுத்தில்தான் வித்தியாசம். எண்ணூறு இந்தோனேசியாவுக்கு என்று வந்தது, எல்லாக் கடையிலும் கிடைக்கும். எண்ணூற்று இருபது வெளிநாட்டுக்காக வந்தது, எவனோ ஒருவன் பயணப் பெட்டிக்குள் துணிக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தால்தான் உண்டு. போதாதா? தாமர் படுத்தே விட்டான். ஒப்பிட்டுப் பேசும் காணொளிகள் நாற்பது பார்த்தான். நாற்பது பேரும் நாற்பது சொன்னார்கள். எண்ணூறுக்கு விசுவாசமான ஒருவனோடு முகம் தெரியாமலே சண்டைபோட்டு, அவன் குடும்பத்தையே இழுத்துவிட்டு, பிறகு மன்னிப்பும் கேட்டான்.

நான்காம் நாள் அம்மாவின் பழைய கைபேசியின் முதுகு, எண்ணெயில் பொரித்த சோயாக்கட்டி டோஃபு மாதிரி உப்பிக்கொண்டது. அத்தோடு அது போய்விட்டது. சுலஸ்த்ரி காப்பிக் கடையில் பாத்திரம் கழுவ உட்கார்ந்தாள்.

“என்னாச்சு, உங்க பண்டிதர் இன்னும் பரீட்சை எழுதுறாரா?” என்று தூத்திக் கேட்டாள்.

“எம் புள்ளைக்குத் தெரியாத போன் சுரபாயாவுலயே கெடையாது,” என்றாள் சுலஸ்த்ரி, தட்டைத் தேய்த்துக்கொண்டே. “லேட்டானாலும் சரியாச் சொல்லுவான்.”

தாமர் காதில் அது விழுந்தது. அதற்குப் பிறகு தப்பாகச் சொல்ல முடியுமா? இன்னும் ஐந்து நாள் எடுத்துக்கொண்டான்.

ஒன்பதாம் நாள் கைபேசி மாலின் மூன்றாம் மாடியில், சின்னக் கண்ணாடி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த விவின் என்ற பெண்ணிடம் எண்ணூற்று இருபது அகப்பட்டது.

“யாருக்கு, மாஸ்?” என்றாள் விவின். அங்கே கடைக்காரர்களுக்குப் பதினாறு வயதுப் பயலும் மாஸ்தான், அண்ணன்தான்.

“எண்ணூற்று இருபதுதானே? நிச்சயமா?”

“நிச்சயம். யாரு யூஸ் பண்ணப் போறாங்க?”

“சிப்பைத் திறந்து காட்டுங்க. செட்டிங்ஸ்ல போயி காட்டுங்க.”

“காட்டுறேன். அம்மாவுக்கா? அவங்க என்ன வேலை பாக்குறாங்க?”

“மார்க்கு எவ்ளோ வருதுன்னு ஒரு தடவ ஓட்டிக் காட்டுங்க.”

விவின் ஓட்டிக் காட்டினாள். எண்கள் ஏறின. தாமரின் கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் அவன் மறுப்பான், தூசி என்பான். பக்கத்தில் நின்ற சுலஸ்த்ரி மட்டும் மெதுவாக ஒன்று கேட்டாள்.

“வெயில்ல தெரியுமா, லே?”

“அம்மா, அது சிப் விஷயம் இல்ல.”

பளபளவென்று கறுப்பு. வேறு நிறம் இல்லை. வாங்கியாயிற்று.

முதல் நாள் காலை மூன்று சவாரி போனாள். பதினொன்றரைக்குத் திரும்பியபோது ஹெல்மெட்டைக் கழற்றாமலே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“பாதி வழியில மேப்பு இருண்டு போச்சு. ‘ரொம்பச் சூடாயிடுச்சு, ஆறினதும் வர்றேன்’னு எழுதிக் காட்டுது. ஸ்டேஷனுக்கு ஏறுன ஆளு. வழி கேட்டுக் கேட்டுக் கூட்டிட்டுப் போறேன், கண்ணு முன்னாடி அவரு ட்ரெயின் கெளம்பிப் போவுது.”

“என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. ஒத்த ஸ்டார் குடுத்தாரு.”

கைபேசியைத் தொட்ட தாமர் கையை உதறினான். ஆசியாவிலேயே இரண்டாவது வேகமான சிப், ஹேண்டில்பாரில் கறுப்பு முதுகைக் காட்டிக்கொண்டு சுரபாயா வெயிலில் வறுபட்டிருந்தது. நாற்பது காணொளியும் குளிரூட்டிய அறையில் எடுத்தவை. தூத்திக் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்த ஐஸ் டீயால் அதன் முதுகுக்கு ஒத்தடம் கொடுத்தார்கள். எண்ணூற்று இருபது கண் திறந்தது.

தாமர் அப்போதுதான் மற்ற வண்டிகளைப் பார்த்தான். தினமும் பார்த்ததுதான், பார்த்துச் சிரித்ததுதான். ஒவ்வொரு ஹேண்டில்பாரிலும் கைபேசிக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் ஒரு பொம்மைக் குடை விரிந்திருந்தது. அம்மாவின் பழைய ஆமைக்கு மட்டும் அது தேவைப்பட்டதில்லை. ஜாத்மிகோவின் குடைக்குக் கீழே ரப்பர் பல்லிகூட நிழலில் தூங்கிக்கொண்டிருந்தது.

பொம்மைக் கடையில் ஒரே ஒரு குடைதான் மிச்சம். ரோஸ் நிறம். நடுவில் கண்ணடிக்கும் பூனை.

“நானோமீட்டர் கணக்குல இது எவ்வளவு வரும், லே?” என்றார் ஜாத்மிகோ. தாமர் குடையைக் கட்டினான்.

மறுநாள் சூடு இல்லை, இருட்டு இல்லை. பூனை கண்ணடித்துக்கொண்டே இருந்தது. கதை முடிந்தது என்று தாமர் நினைத்தான். முதல் சவாரி கூவியது. அரை நொடிகூட இல்லை, திரையில் பளிச்சென்று வந்து நின்றது. சுலஸ்த்ரி கையுறையைக் கழற்றினாள். கைபேசியைத் தாங்கியிலிருந்து எடுத்தாள். கையை முழுக்க நீட்டினாள். கண்ணை இடுக்கினாள்.

“ஜ... ஜாலான் கெ...” என்று தெருப் பெயரைக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள்.

போய்விட்டது. ஜாத்மிகோவின் கைபேசி கூவியது. அவர் ஒரு பார்வை பார்த்தார், அமுக்கினார், கிளம்பினார்.

இரண்டாவதும் அப்படியே போனது.

“ஏம்மா அமுக்கல?” என்று கத்தினான் தாமர்.

“எங்க போவுதுன்னு படிக்காம எப்பிடி அமுக்குறது? போன மாசம் படிக்காம அமுக்கி, பாலம் தாண்டி மதுராத் தீவு வரைக்கும் போயிட்டு காலியாத் திரும்பி வந்தேன்.”

“எழுத்து தெரியலையா?”

“தெரியுது. கொஞ்சம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. தள்ளி வெச்சா நின்னுடும்.”

“எத்தன நாளா?”

“ரெண்டு வருசம் இருக்கும்.”

“எங்கிட்ட சொல்லவே இல்லியே.”

“நீ கேக்கல,” என்றாள் சுலஸ்த்ரி. குற்றம் சொல்லும் குரலில் இல்லை. பாத்திரக் கணக்கு ஒப்பிப்பது போலச் சொன்னாள். “ஒம்பது நாளா சிப்புகிட்டதான் கேட்டுக்கிட்டு இருந்த.”

தாமர் கைபேசியை வாங்கினான். அமைப்புகளுக்குள் போனான். எழுத்தின் அளவு என்று ஒரு வரி இருக்கும். அதில் ஒரு புள்ளியை விரலால் இழுக்க வேண்டும். கடைசி வரை இழுத்தான். மூன்று நொடி வேலை. அந்த வரி டோஃபுவாக உப்பிப்போன பழைய கைபேசியிலும் இருந்தது. ரப்பர் வளையம் கட்டிய அவனுடையதிலும் இருக்கிறது. எண்ணூறுக்கும் தெரியும், எண்ணூற்று இருபதுக்கும் தெரியும்.

எழுத்துகள் டெம்பே துண்டு அளவுக்கு எழுந்து நின்றன. சுலஸ்த்ரி பார்த்தாள். கையைக் கொஞ்சம் மடக்கினாள். இன்னும் கொஞ்சம் மடக்கினாள். கைபேசி அவள் மடிக்கு அருகே வந்துவிட்டது. திரையில் அவள் பெயர் இருந்தது. அதைத் தன் பெயர்தானா என்று சரிபார்ப்பது போல ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள். தாமர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு குடையின் கம்பியை இறுக்கினான். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

அடுத்த சவாரி கூவியபோது நான்காம் நொடியில் அமுக்கினாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, பூனைக் குடை ஆட, தெரு முனையில் திரும்பிப் போயே போனாள்.

திரும்பி வந்திருந்த ஜாத்மிகோ வாயைப் பிளந்தார். “என்ன சிப்புடா அது, லே?”

“எண்ணூற்று இருபது,” என்றான் தாமர், முகத்தில் ஒரு தசையும் அசையாமல்.

“அதுசரி, அந்தக் காசுக்கு நமக்கு ஏது வழி. நம்ம போனு ஓட்டை போனு. போன வருசம் எவனோ அதுல வெளயாடி எழுத்தையெல்லாம் பெருசு பண்ணிட்டான். மொதல்ல கண்டபடி திட்டுனேன். ஆனா பாரு, அன்னிலேருந்துதான் ஒரு ஆர்டரும் தப்புறதில்ல. அந்தப் புண்ணியவான் எங்க இருக்கானோ, நல்லா இருக்கட்டும்.”

தாமர் எழுந்துபோய் ஒரு காப்பி வாங்கிவந்து அவர் முன்னால் வைத்தான். இந்த முறை சர்க்கரை போட்டது. ஜாத்மிகோ அதை முகர்ந்து பார்த்துவிட்டு, நம்பாமல், தூத்திக்கின் பூனைக்கு ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார்.

அவ்வளவுதான். இப்போது உங்களை ஒன்று கேட்கலாமா? இத்தனை நேரம் படித்தீர்களே, நடுவில் எங்காவது, அந்த அம்மாவையும் குடையையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, ‘அது கெடக்கட்டும், அந்த ரெண்டுல உண்மையிலேயே எது நல்லது?’ என்று உங்கள் மனதுக்குள் ஒரு குரல் கேட்டதா? கேட்டிருந்தால் வெட்கப்படாதீர்கள். பெஞ்சில் நகர்ந்து இடம் விடுகிறோம், வந்து உட்காருங்கள்.

எண்ணூற்று இருபதுதான். ஆனால் இப்போது வாங்காதீர்கள். அடுத்த மாதம் எண்ணூற்று நாற்பது வருகிறது.