சிலைக்கு வேர்த்தது

சிலையின் தலை பக்கிரியின் கையோடு வந்துவிட்டது.

தூசி தட்டத்தான் போனான், பாவம். கோடியக்கரைக்குப் போகிற சாலையில் புதிதாகக் கட்டிய அருங்காட்சியகம் அது. மறுநாள் காலை அமைச்சர் வந்து திறந்துவைக்கிறார். சரணாலயத்தில் பூநாரை பார்த்துவிட்டு நேரே இங்கேதான் வருகிறார். நடுக்கூடத்தில் வேட்டி துண்டு உடுத்தி ஆளுயரச் சுதைச் சிலை. காலடியில் ‘அந்தக் காலத்துப் பண்ணையாள்’ என்று ஒரு பலகை.

பக்கிரி அங்கே தற்காலிகக் காவல்காரன். விழா நல்லபடியாக முடிந்தால் அமைச்சரிடம் சொல்லி வேலையை நிரந்தரமாக்கித் தருவதாகக் காப்பாளர் லியாகத் அலி வாக்குக் கொடுத்திருந்தார். அந்த நிரந்தரம் இப்போது தலையில்லாமல் நின்றது.

வாசலில் அமைச்சரின் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தவர்களிடம் ஒரு கொட்டாங்கச்சி மைதாப் பசை வாங்கித் தலையை ஒட்டினான். காயட்டும் என்று சிலையை நகர்த்தி வெயிலில் நிறுத்தினான். சுவரொட்டிப் பசைக்கு ஊர் ஆடுகள் அலைவது யாருக்குத்தான் தெரியாது? அவனுக்கு அன்றைக்கு மறந்துபோயிற்று. ஒரு வெள்ளாடு முன்னங்காலைச் சிலையின் மார்பில் ஊன்றிக் கழுத்தை நக்கிக்கொண்டிருந்தது. விரட்ட ஓடினான். ஆடு துள்ளியது, சிலை மல்லாந்தது. அள்ளுவதற்கு முறம் தேவைப்பட்டது.

லியாகத் அலி வந்து பார்த்தார்.

“என்னப்பா மிச்சம் இருக்கு?”

“பலகை இருக்குங்க சார்.”

அவர் பக்கிரியை மேலும் கீழும் பார்த்தார். “நாளைக்கு நீயே நின்னுடு. உடம்புல செம்மண்ணைப் பூசிக்க.”

“மூச்சு விடலாங்களா?”

“அமைச்சர் அந்தப் பக்கம் திரும்புறப்ப விட்டுக்க.”

சிலையின் துணியும் நார்நாராகியிருந்தது. அம்மா காத்தாயி பெட்டியின் அடியில் பத்திரமாக வைத்திருந்த அப்பாவின் வேட்டியையும் துண்டையும் சொல்லாமல் எடுத்துவந்தான். அப்பா வீரையன், இவன் தொட்டிலில் கிடந்தபோதே வயலில் பாம்பு கடித்துச் செத்தவர். அதற்குமேல் அவரைப் பற்றி அம்மா வாயிலிருந்து ஒரு சொல் வராது. ஆனால் அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. ஊர் நிலமெல்லாம் வைத்திருந்த பெரிய பண்ணையின் கார் கண்ணில் பட்டால் போதும், மகன் தோளில் கிடக்கும் துண்டைத் தானே உருவிவிடுவாள். “வேர்க்கும்டா, எடு.” கூலிச் சண்டைகள் நடந்து, ஆட்சியே மாறியும் அந்தக் கை மட்டும் மாறவில்லை. கிழவிக்கு என்ன கிறுக்கோ என்று பக்கிரி சிரித்துக்கொள்வான்.

காலையில் அமைச்சர் வந்தார். தோளில் முழங்கால் வரை தொங்கும் துண்டு. பக்கத்தில் கைத்தடி ஊன்றிப் பெரிய பண்ணை. அருங்காட்சியகத்துக்கு நெல் அளக்கும் பழைய மரக்காலும் பல்லக்கும் கொடுத்த புரவலர் அவர்தான்.

“உயிரோட்டமா செஞ்சிருக்காங்க,” என்றார் அமைச்சர். “அது சரி, சிலைக்கு வேர்க்குதே?”

“உப்புக்காத்துங்கய்யா,” என்றார் லியாகத் அலி. “இங்க சுவருக்கே வேர்க்கும்.”

பண்ணை கைத்தடியை நீட்டினார். “சிலை தப்புங்க. எந்தப் பண்ணையாள் தோள்ல துண்டு போட்டான்? கக்கத்துல இருக்கணும்.”

அமைச்சர் தம் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார். “பண்ணை சொன்னா சரியாத்தான் இருக்கும். மாத்துங்க.”

லியாகத் அலி துண்டை எடுத்துக் கக்கத்தில் செருகினார். “பொறுத்துக்கப்பா,” என்று காதோடு சொன்னார்.

“முதுகும் வளையணும்,” என்றார் பண்ணை.

சுதைச் சிலை எங்கேயாவது வளையுமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. லியாகத் அலி முதுகில் கை வைத்தார். வளைந்தது.

“இன்னும் கொஞ்சம்.”

இன்னும் வளைந்தது. நிமிர்ந்தால் வேலை போய்விடும். பக்கிரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மூக்கு நுனியில் ஒரு சொட்டு தொங்கியது. அது வேர்வைதானா என்று அவனுக்கே தெரியவில்லை.

“இப்பதான் சரி,” என்றார் பண்ணை.

ஊர்ச்சனத்தை உள்ளே விட்டார்கள். மகனுக்கு வேலை நிரந்தரமாகிறதைப் பார்க்க, இருப்பதில் நல்ல சேலையை உடுத்திக்கொண்டு காத்தாயி முதல் ஆளாக வந்தாள். சிலைக்கு முன்னால் நின்றுவிட்டாள். துண்டைப் பார்த்தாள். குனிந்த முகத்தைப் பார்த்தாள். கைத்தடியோடு நின்ற பண்ணையையும் பார்த்தாள்.

“அம்மா, சிலையைத் தொடக்கூடாது,” என்றார் லியாகத் அலி.

காத்தாயி கக்கத்திலிருந்து துண்டை உருவி, உதறி, தோளில் போட்டாள். வளைந்த முதுகைத் தடவித் தடவி நிமிர்த்தினாள். கூடம் முழுக்கக் கேட்கும்படி, ஆனால் அவனுக்கு மட்டும் சொல்கிறவள் போலச் சொன்னாள்:

“உங்கப்பாவைப் பாம்பு கடிக்கலடா பக்கிரி. இந்தத் துண்டை எடுக்கச் சொன்னாரு பண்ணை, உங்கப்பா எடுக்கல.”