வால் போன வேண்டுதல்

சேவல் இருந்தது. வால் இல்லை.

தங்கராஜு கோழிக் கூண்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து இன்னொரு முறை எண்ணிப் பார்த்தார். பெட்டைகள் நான்கும் சரி. சேவல் ஒன்றும் சரி. வால் மட்டும் கூண்டுக்கு வெளியே, ஈரப் புல்லில், தனித்தனி இறகுகளாகக் கிடந்தது. சேவலின் முதுகில் பல் பதிந்த காயம். கூண்டுக் கதவு அகலத் திறந்திருந்தது. நேற்று மாலை அதைத் தாழிட வேண்டியவர் தங்கராஜு.

"தாழ் போட மறந்துறாதீங்க. மூசாங் வரும்," என்று ஜொகூரில் மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது மனைவி மங்களம் மூன்று முறை சொல்லியிருந்தாள். மூசாங்காம், மரநாயாம்! டுரியான் துங்காலில் இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்து இருபது வருடத்தில் அவர் ஒரு மூசாங்கின் வாலைக்கூடப் பார்த்ததில்லை. இப்போது சேவலின் வாலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு சேவலாக இருந்திருந்தால் அன்று மதியமே குழம்பாகியிருக்கும். இது நேர்ந்துவிட்ட சேவல். மகள் ஷாமினிக்குச் சுகப்பிரசவம் ஆனால் தோட்டத்து முனியாண்டிக்குக் கொடுப்பதாக மங்களம் வேண்டிக்கொண்டு, குஞ்சிலிருந்து கையால் தீனி போட்டு வளர்த்தது. வீட்டில் அதற்கு அடுத்த இடம்தான் தங்கராஜுவுக்கு.

பிரசவம் சுகமாக முடிந்து குழந்தைக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது. வரும் ஞாயிறு பூஜை. மகளையும் பேத்தியையும் அழைத்துக்கொண்டு மங்களம் சனிக்கிழமை வருகிறாள். இன்று செவ்வாய்.

முனியாண்டிக்குக் கொடுக்கும் சேவலில் ஒரு குறை இருக்கக்கூடாது. நேர்ந்ததை மாற்றவும் கூடாது. ஏதாவது பிசகினால், பேத்தி இனி எந்த வயதில் தும்மினாலும் அந்தத் தும்மலுக்குத் தாத்தாதான் பொறுப்பு.

வால் எத்தனை நாளில் முளைக்கும் என்று போனில் தேடினார். ஆறு வாரம் என்றது. போனை அணைத்தார். பிறகு கீழே கிடந்த இறகுகளைப் பொறுக்கி, கழுவி, மேசைமேல் காயவைத்தார். முதலில் காயம் ஆறட்டும். ஒட்டுவதைப் பிறகு யோசிக்கலாம்.

வேலிக்கு அந்தப் பக்கம் திலகவதியின் தலை தெரிந்தது. ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருடம் அட்டெண்டண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அன்றிலிருந்து ஒரு நோயாளிக்காக ஏங்கிக்கொண்டிருந்தார்.

"என்னாண்ணே, சேவலு குட்டையாயிருச்சு?"

"மூசாங் கடிச்சிருச்சும்மா. மங்களத்துக்குத் தெரிஞ்சா என்னைய வெட்டிருவா."

"அதுக்கு ஏண்ணே பயப்படுறீங்க? மஞ்சத்தூள தேங்கா எண்ணெயில கொழச்சுப் பூசுங்க. எத்தன பேர பாத்திருக்கேன் நான்."

"கோழி பாத்திருக்கியா?"

"மனுசனுக்கு ஆவுறது கோழிக்கு ஆவாதா?"

பூசினார். சேவலைப் பெட்டைகளோடு கூண்டுக்குள் விட்டு, இந்த முறை கதவைத் தாழிட்டு, தாழை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது நான்கு பெட்டைகளும் சேவலைச் சுற்றி நின்று அதன் முதுகை வரிசையாகக் கொத்திக்கொண்டிருந்தன. சிவப்பைக் கண்டால் கோழிகள் கொத்தும். அது அவற்றின் இயல்பு. உறவு முறையெல்லாம் அப்போது பார்ப்பதில்லை. காலையில் ஒரு வெள்ளிக் காசு அளவு இருந்த காயம், மதியம் ரொட்டி சானாய் அளவுக்கு வந்திருந்தது.

தீவனக் கடைக்கு ஓடினார். கடைக்காரர் ஒரு சின்னப் போத்தலைக் கொடுத்தார். ஊதா மருந்து. பூசினால் சிவப்பு மறைந்துவிடும், பெட்டைகள் கொத்தாது.

"ரெண்டு சொட்டு போதும்," என்றார் கடைக்காரர்.

இரண்டு சொட்டில் இவ்வளவு நன்மை என்றால் ஒரு போத்தலில் எவ்வளவு இருக்கும் என்று தங்கராஜு கணக்குப் போட்டார்.

அன்று மாலை மங்களம் வீடியோவில் அழைத்தாள்.

"ஏங்க, சேவல் சாப்பிட்டுச்சா?"

"நீ சாப்பிட்டியா மங்களம்?"

"என்னைய விடுங்க. அதென்னா கையெல்லாம் ஊதாவா இருக்கு?"

தங்கராஜு கையைத் தூக்கிப் பார்த்தார். முழங்கை வரைக்கும் ஊதா. "மங்குஸ்தீன் உரிச்சேன்."

"இப்ப ஏது மங்குஸ்தீனு? சீசனே இல்லியே."

"அதான் நல்லால்ல. தூக்கிப் போட்டுட்டேன்." பதற்றத்தில் நாக்கு தானாக ஓடியது. "சேவலக் காட்டவா?"

"வேணாம்! நேந்துவிட்டத உத்துப் பாக்கக்கூடாது. நீங்களும் கிட்டப் போவாம தூரமா நின்னே தீனி போடுங்க."

போன மாதத்திலிருந்து இது வீட்டில் புதுச் சட்டம். அன்று எரிச்சலாக இருந்தது. இன்று முனியாண்டியே இயற்றிய சட்டமாகத் தெரிந்தது.

புதன்கிழமை காலையில் வெளிச்சத்தில் பார்த்தார். முதுகு ஊதா, இறக்கை ஊதா, மஞ்சள் கால்கள் ஊதா, அலகுகூட ஊதா. பெட்டைகள் கொத்தவில்லைதான். நான்கும் கூண்டின் மறுமூலையில் ஒண்டிக்கொண்டு, அந்நியன் ஒருவன் வந்துவிட்டதாகக் கத்திக்கொண்டிருந்தன.

"வெந்நியில சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுங்க," என்றார் திலகவதி.

குளிப்பாட்டினார். குளியலறைச் சுவர், வாளி, மங்களத்தின் வெள்ளைத் துண்டு, எல்லாம் ஊதாவாயின. சேவலிடம் இருந்த ஊதா மட்டும் குறையவில்லை. அது குளிரில் நடுங்கத் தொடங்கியது. கூடத்துக்குத் தூக்கி வந்து ஷாமினியின் ஹேர் டிரையரைக் காட்டினார். பயந்து உதறியதில் கழுத்து இறகுகள் கொத்தாக உதிர்ந்து, காற்றில் ஏறி, மேசைமேல் காயவைத்திருந்த வால் இறகுகளையும் கிளப்பிக்கொண்டு சன்னல் வழியாக வெளியேறின.

"வெட்டப் போற சேவலுக்கு இவ்ளோ வைத்தியமா அண்ணே?" என்று திலகவதி வேலி ஓரம் நின்று சிரித்தார். "ஆஸ்பத்திரியில எங்க மாமியார நாங்க இப்பிடிப் பாக்கல."

அன்றும் மறுநாளும் சேவல் குளியலறையில் தங்கியது. தங்கராஜு பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து சோறு ஊட்டினார். அது முதலில் முறைத்தது, பிறகு அவர் கையிலிருந்து தின்றது, பிறகு அவர் தொடையில் ஏறி உட்கார்ந்தது. மனைவிக்குக்கூட இவ்வளவு சீக்கிரம் அவரைப் பிடித்ததில்லை.

ஆனால் வழுக்கை விழுந்த ஊதாச் சேவலை முனியாண்டி ஏற்றுக்கொள்வார் என்று அவருக்குத் தோன்றவில்லை. மங்களம் ஏற்றுக்கொள்ள மாட்டாள் என்பது உறுதியாகவே தெரியும். வெள்ளிக்கிழமை பாசார் சந்தைக்குப் போனார்.

கோழிக் கூடைகளுக்கு நடுவில் வியாபாரி கவிநேசன் நின்றுகொண்டிருந்தான்.

"தம்பி, ஒரு கறுப்புச் சேவல் வேணும்."

"கால் மஞ்சளா, கழுத்துல செவப்பா, வால்ல ஒரே ஒரு வெள்ள எறகு. அதானே அங்கிள்?"

தங்கராஜு திகைத்தார். "எப்பிடிப்பா கரெக்டா சொல்ற?"

"வேண்டுதல்னா எல்லாரும் அப்பிடித்தான்லா கேப்பாங்க," என்று கவிநேசன் கூடைக்குள் கைவிட்டான்.

அச்சு அசலாக அதே சேவல். பார்த்துப் பார்த்து வியந்தார். கூண்டில் விட்டார். அது கூவியது. குளியலறையிலிருந்து பழையது பதில் கூவியது. வெள்ளி முழுவதும் இரண்டும் விடாமல் விவாதித்தன. சனிக்கிழமை மதியம் ஊதாச் சேவலைத் துண்டில் சுற்றித் திலகவதி வீட்டுச் சாமான் அறைக்கு மாற்றினார்.

"வார்டுல சேத்துட்டேன். விசிட்டிங் அவர் அஞ்சு மணி," என்றார் திலகவதி.

மாலையில் காரிலிருந்து இறங்கிய மங்களம் கூண்டை ஒரு தரம், வெகு தூரத்திலிருந்து, ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான். தங்கராஜு ஐந்து நாளில் முதன்முறையாக ஒழுங்காக மூச்சுவிட்டார்.

ஞாயிறு காலை. செம்பனை மரங்களுக்கு நடுவில் முனியாண்டி கோவில். பூசாரி சேவலுக்கு மாலை போட்டு நிறுத்தினார். மஞ்சள் தண்ணீர் தெளித்தால் சேவல் உடம்பைச் சிலிர்க்க வேண்டும். சிலிர்த்தால் சாமி ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம்.

பூசாரி தெளித்தார். சேவல் கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரியைப்போல எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றது.

மறுபடி தெளித்தார். அசைவில்லை.

"என்னாமா, வேண்டுதல்ல ஏதும் கொற இருக்கா?" என்று பூசாரி மங்களத்தைக் கேட்டார். மங்களத்தின் முகம் வெளுத்தது. தன்னால்தான் இவளுக்கு இந்தத் தலைகுனிவு என்று தங்கராஜு நினைத்தார்.

மூன்றாவது முறை தெளித்தார். சேவல் ஒரு கண்ணை மூடிக்கொண்டது. ஷாமினியின் கையிலிருந்த பேத்தி தும்மினாள்.

அதற்குமேல் தங்கராஜுவால் தாங்க முடியவில்லை.

"சாமி, தப்பு என்னோடது! இது நேந்த சேவல் இல்ல. அத மூசாங் கடிச்சிருச்சு. கதவ நாந்தான் தொறந்து போட்டேன். மருந்து போட்டேன், ஊதாவாயிருச்சு. வேற வாங்கி மாத்திட்டேன். தண்டன எனக்குக் குடு, புள்ளைய விட்டுரு!"

மங்களம் கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். வெளுத்திருந்த முகத்தில் மெல்ல ரத்தம் ஏறியது. பிறகு முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"மாத்திட்டீங்களா? சாமிக்கு நேந்தத மாத்துனீங்களா? குஞ்சுலருந்து என் கையால தீனி போட்டு, கண்ணு மாதிரி வளத்தேனே! முப்பத்தோரு வருசம் உங்களோட குடும்பம் நடத்தி, ஒரு கதவச் சாத்தத் துப்பில்லியே உங்களுக்கு! சாமியவே ஏமாத்தப் பாத்தீங்களே, உங்களுக்கு மனசு எப்பிடி வந்துச்சு?"

தங்கராஜு தலைகுனிந்து நின்றார். பூசாரி தலையாட்டினார். ஷாமினி, "ஏம்ப்பா இப்பிடிப் பண்ணீங்க?" என்றாள்.

பூஜை நாளில் கோவில் வாசலில் கூடையோடு வியாபாரத்துக்கு வந்திருந்த கவிநேசன், சத்தம் கேட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சமாதானம் செய்ய ஓடி வந்தான்.

"ஐயோ ஆண்டி, அங்கிளத் திட்டாதீங்க! வளத்த சேவல மூசாங் தூக்கிருச்சுன்னு போன மாசம் எங்கிட்ட வாங்கிட்டுப் போனீங்கள்ல, அதோட கூடப் பொறந்ததுதான் இது!"