ஒன்பதாம் நம்பர் பஸ்ஸைத் தாண்டிய தாடிக்காரன்

கடிதத்தை மூன்றாவது முறை படித்து முடித்ததும் ஹாலிஸ் வெதர்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஆர்லீன், இங்க வந்து இந்தக் கூத்தப் பாரு. நான் ஓட்டுற பஸ்ஸ நானே தாண்டிப் போயிட்டேனாம்!"

அடுப்பில் முட்டை பொரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஆர்லீன் திரும்பிப் பார்க்கவில்லை. முட்டை மட்டும் கருகத் தொடங்கியது.

கடிதம் டனிங் க்ரீக் ஊர் நீதிமன்றத்திலிருந்து வந்திருந்தது. போன செவ்வாய்க்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு, பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளப் பள்ளிக்கூட பஸ் நின்றிருக்கிறது. சிவப்பு விளக்கு மினுக்கி, 'நில்' பலகையும் நீட்டியாகிவிட்டது. அந்த நேரத்தில் ஹாலிஸ் வெதர்பியின் பெயரில் பதிவான கார் பலகைக்கு நிற்காமல் தாண்டியதைப் பஸ்ஸின் பக்கவாட்டுக் கேமரா பிடித்துவிட்டது. பஸ் நம்பர் ஒன்பது.

ஒன்பதாம் நம்பர் பஸ்ஸை யார் ஓட்டுகிறார் என்று அந்த ஊர் நாய்களுக்குக்கூடத் தெரியும். இருபத்தொன்பது வருஷமும் சில மாதங்களுமாக ஹாலிஸ்தான்.

கூடவே ஒரு படம் வைத்திருந்தார்கள். விடிந்தும் விடியாத வெளிச்சம், கொட்டுகிற பனி, கும்மிருட்டாக ஒரு வண்டியின் பின்புறம். அதில் நம்பர் பலகை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. ஹாலிஸ் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு காது உடைந்து நீல டேப் சுற்றிய கண்ணாடி. புதிது வாங்கச் சொல்லிச் சொல்லி ஆர்லீனுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"நம்பர் நம்மளுதுதான். ஆனா வண்டி நம்மளுது இல்ல. அன்னிக்குத் தாண்டுனவன நான் ரெண்டு கண்ணால பார்த்தேனே! கறுப்பு ட்ரக். தாடிக்காரப் பய."

அந்தத் தாடிக்காரன் அதற்குள் ஊரில் பிரபலமாகிவிட்டான். அன்று அவன் தாண்டிப் போனதோடு விடவில்லை. பஸ்ஸின் பக்கத்தில் வந்து, ஹாலிஸின் ஜன்னலுக்கு நேராக வண்டியை நிறுத்தி, கையில் போனை வைத்துக்கொண்டு ஆட்டு ஆட்டென்று ஆட்டியிருக்கிறான். ஹாலிஸ் ஹாரனை அமுக்கிப் பிடித்தபடி அவனைத் திட்டிய திட்டைப் பஸ்ஸில் இருந்த பிள்ளைகள் இன்னும் மறக்கவில்லை. டிப்போவின் காபி அறையில் செவ்வாய்க்கிழமை மோவாயளவு இருந்த அவன் தாடி, வெள்ளிக்கிழமை நெஞ்சு வரை வளர்ந்துவிட்டது. மற்ற டிரைவர்கள் இப்படிப்பட்டவர்களைப் பற்றி 'வெள்ளைக் கார், பெண்' என்று டிப்போவில் ஒரு வரி புகார் எழுதிக் கொடுப்பார்கள். ஹாலிஸ் இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.

"பேசாம அபராதத்தக் கட்டித் தொலைச்சிடேன்" என்றாள் ஆர்லீன், வாணலியைப் பார்த்தபடி.

"கட்டுனா ஒத்துக்கிட்டதா ஆயிடும். பஸ் டிரைவர் பேர்ல இப்படி ஒரு குத்தம் விழுந்தா அன்னிக்கே சாவியக் கேட்டு வாங்கிடுவாங்க. ஜூன் வந்தா முப்பது வருஷம் எனக்கு. ஒரு கீறல் கிடையாது. எங்க டிப்போ டொரீன் பரிசுக் கேடயத்துல பேரக்கூடப் பொறிச்சு வச்சிருக்கா. இப்பப் போயி தலையக் குனியச் சொல்றியா?"

அவருக்கு அந்தக் கேடயம் பெரிதில்லை. பஸ்தான் பெரிது. பிள்ளைகள் ஏறும்போது 'குட்மார்னிங் மிஸ்டர் ஹாலிஸ்' என்று சொல்வதைக் கேட்காமல் ஒரு காலை நேரத்தை எப்படிக் கழிப்பது என்று அவருக்குத் தெரியாது. அது ஆர்லீனுக்கும் தெரியும்.

"சரி, அன்னிக்கு நம்ம கார் எங்க இருந்துச்சு?"

"காரேஜ்ல."

"நீ?"

"தூங்கிட்டிருந்தேன்."

தினமும் ஐந்து மணிக்கு எழுந்து, சாப்பாட்டுப் பெட்டி, கையுறை, தொப்பி, கண்ணாடி என்று ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்து வாசல்வரை வந்து அனுப்புகிறவள், ஏழு நாற்பதுக்குத் தூங்கினாள் என்பது ஹாலிஸுக்கு வித்தியாசமாகப் படவில்லை. அன்று அலாரம் அடிக்காமல், எழுந்ததும் எழாததுமாக ஓடியவர் அவர்.

அன்றே நீதிமன்றத்துக்குப் பதில் எழுதினார். குற்றத்தை மறுக்கிறேன், வண்டி என்னுடையதல்ல, இதோ சாட்சி என்று அந்த இரண்டு பக்கத்தையும் இணைத்து அனுப்பினார். இரண்டு நாளில் நீதிமன்ற எழுத்தர் மிஸஸ் பெட்டிட்டிடமிருந்து போன் வந்தது.

"மிஸ்டர் வெதர்பி, ஒரு சின்னச் சந்தேகம். குத்தம் சாட்டப்பட்டவர் பேரும் சாட்சி பேரும் ஒண்ணாவே இருக்கே. அண்ணன் தம்பியா?"

"ரெண்டும் நான்தாம்மா."

"அப்ப நீங்க பஸ்ல உக்காந்துக்கிட்டு, நீங்க கார்ல போறதப் பார்த்தீங்க."

"இல்லம்மா! நான் கார்ல போகல. போனவன் தாடிக்காரன்."

"உங்க கார்ல."

"என் கார்ல இல்ல, ட்ரக்ல!"

"ஆனா நம்பர் உங்க கார் நம்பர்." பேனா கீறுகிற சத்தம் கேட்டது. "நேர்ல வந்துடுங்க. கேமராவுல முழுப் படமும் இருக்கு. போட்டுப் பார்த்துடலாம்."

அதைக் கேட்டு ஹாலிஸுக்கு நிம்மதி. ஆர்லீனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"படமெல்லாம் எதுக்கு ஹாலிஸ்? நீ எதுக்கு இத இவ்வளவு பெருசு பண்ற?"

"படத்துலதானே உண்மை தெரியும்!"

"அதத்தான் நானும் சொல்றேன்" என்று முணுமுணுத்துவிட்டு அவள் எழுந்து போனாள்.

ஒரே நம்பர் இரண்டு வண்டிக்கு எப்படி வரும் என்பதை ஹாலிஸ் ராத்தூக்கம் கெட்டு யோசிக்கவில்லை. மத்தியானம் பஸ்ஸைக் கழுவும்போதே பிடிபட்டுவிட்டது. திருட்டுத்தான். தாடிக்காரன் காரேஜுக்குள் புகுந்து நம்பர் பலகையைக் கழற்றித் தன் ட்ரக்கில் மாட்டி, வேலை முடிந்ததும் கொண்டுவந்து திரும்ப மாட்டிவிட்டான். பலகையின் திருகுகள் பதினோரு வருஷத் துருவில் இறுகிக் கிடந்தன. 'அவ்வளவு கைகாரன்' என்று வியந்துகொண்டே போலீஸில் புகார் கொடுத்தார்.

போலீஸ்காரர் டால்பட் மறுநாளே வீட்டுக்கு வந்தார். ஆர்லீன் அவருக்குக் காபியும் ஆப்பிள் பை என்கிற பலகாரமும் வைத்தாள்.

"தாடி எப்படிப்பட்டது, சார்?" டால்பட் நோட்டை விரித்தார்.

"பழுப்பு நிறம். அடர்த்தி. கம்பளி மாதிரி."

"ஆளப் பார்த்தா அடையாளம் காட்டுவீங்களா?"

"எங்க பார்த்தாலும்! ஆறடி தள்ளித்தான் நின்னான்."

"இது வெறும் அபராதத்தோட போகாது. பலகையத் திருடுறது பெரிய குத்தம். இந்த வட்டாரத்துத் தாடிக்காரங்க எல்லாரையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டியிருக்கும்."

டனிங் க்ரீக்கில் குளிர்காலத்தில் தாடி இல்லாத ஆணைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆர்லீன் பை வெட்டிய கத்தியைக் கீழே வைத்தாள்.

"யாரையும் கூப்பிட வேண்டாம் சார். கார ஓட்டுனது நான்தான்."

ஹாலிஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

"என்னக் காப்பாத்தணும்னு சொல்றா, பாவம். முப்பத்திரண்டு வருஷமா கூடக் குடும்பம் நடத்துறவளுக்கும் தாடிக்காரனுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

"தெரியலியே!" என்றாள் ஆர்லீன்.

"சரி, நீதான்னா எங்க போன அந்நேரத்துல?"

ஆர்லீன் வாயைத் திறந்தாள். போலீஸ்காரரின் நோட்டைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"ரொட்டி வாங்க."

"வீட்டுல ரெண்டு ரொட்டி இருந்துச்சே."

"மூணாவது வாங்க."

டால்பட் நோட்டை மடித்துவிட்டு, இன்னொரு துண்டு பை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுப் போனார். ஹாலிஸுக்கு இப்போதுதான் உண்மையிலேயே சந்தேகம் வந்தது. இவள் யாரையோ மறைக்கிறாள். தாடி வைத்த யாரையோ! ஆர்லீனின் அக்கா மகன் வேடுக்குத் தாடி உண்டு, அதுவும் பழுப்பு. போன் போட்டார்.

"டேய் வேட், செவ்வாய்க்கிழமை காலைல எங்கடா இருந்த?"

"ஃப்ளோரிடாவுல, அங்கிள். போன மாசத்துலேர்ந்து இங்கதான் இருக்கேன். வெயிலுக்குத் தாடியக்கூட எடுத்துட்டேன். ஏன், ஆன்ட்டி நல்லாருக்காங்கள்ல?"

அதோடு அந்தக் கதவும் மூடியது. ஹாலிஸ் யாரிடமும் சொல்லாமல் ஒருநாள் முழுக்க மனம் கசந்துபோய் உட்கார்ந்திருந்தார். ஆர்லீன் சூப் கொண்டுவந்து வைத்தபோது அவள் முகத்தைப் பார்க்கக்கூட அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

டிப்போவிலோ விஷயம் வேறு மாதிரி ஊதிப் பெரிதாகியிருந்தது. தலைமை அதிகாரி டொரீன் கூபியாக் அவர் தோளைத் தட்டினாள்.

"ஹாலிஸ், விசாரணைக்கு நாங்க எல்லாரும் வர்றோம். தன் மேல பழி வந்தும் ஒரு டிரைவர் எப்படி நின்னு போராடுறாருன்னு புதுப் பசங்க பார்க்கணும். கேடயத்தையும் எடுத்துட்டு வந்துடறேன். ஜூன் வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? அங்கேயே குடுத்துடலாம்."

விசாரணை நாள் காலையில் பனி முழங்காலுக்குக் கிடந்தது. புறப்படும்போது ஆர்லீனின் கழுத்து வெறுமையாக இருப்பதை ஹாலிஸ் கவனித்தார். கோபத்திலும் அவருக்கு மனசு கேட்கவில்லை.

"மப்ளரப் போட்டுக்கயேன். குளிர்ல வெறைச்சிடுவ."

"வேண்டாம்" என்றாள் அவள் அவசரமாக.

ஊர் மன்றக் கட்டடத்தின் பின்னறைதான் நீதிமன்றம். பகலில் மாட்டுத் தீவனம் விற்கும் நார்பர்ட் கேஜ்தான் நீதிபதி. கோட்டில் வைக்கோல் ஒட்டியிருந்தது. டிரைவர்கள் பன்னிரண்டு பேர் பின்வரிசையில் காபிக் குவளைகளுடன் உட்கார்ந்தார்கள். டொரீன் மடியில் கேடயம். மிஸஸ் பெட்டிட் பின்னலூசியை ஓரமாக வைத்துவிட்டுப் படத்தைப் பெரிய திரையில் போட்டாள்.

"ஜட்ஜையா, நான் கட்டிடறேன். படம் வேண்டாம்" என்று ஆர்லீன் எழுந்தாள்.

"உக்காரும்மா. தாடிக்காரனப் பார்க்கத்தானே ஊரே வந்திருக்கு" என்றார் நீதிபதி.

திரையில் பனி கொட்டியது. 'நில்' பலகை நீண்டது. பின்னாலிருந்து ஒரு வண்டி மெதுவாக, மிக மெதுவாக ஊர்ந்து வந்தது. அது ட்ரக் இல்லை. கறுப்பும் இல்லை. கரும்பச்சை நிறத்தில் ஒரு சின்னக் கார். பின்கண்ணாடியில் ஹாலிஸ் தன் கையால் ஒட்டிய மீன்பிடிச் சங்கத்துச் சின்னம் தெரிந்தது.

பின்வரிசையில் யாரோ காபியை விழுங்கிய சத்தம் கேட்டது.

கார் பஸ் ஜன்னலுக்கு நேராக வந்து நின்றது. ஓட்டியவரின் முகம் தெரிந்தது. மோவாயைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில், அடர்த்தியாக, கம்பளி மாதிரி இருந்தது. கம்பளியேதான். அந்தத் தாடியைப் போன கிறிஸ்துமஸுக்கு ஹாலிஸ்தான் கடையில் வாங்கிப் பரிசுக் காகிதம் சுற்றிக் கொடுத்திருந்தார். மப்ளருக்குக் கீழே பூப்போட்ட இரவு உடை. வாய் என்னவோ கத்துகிறது. கை ஜன்னலுக்கு வெளியே நீண்டு எதையோ ஆட்டுகிறது. ஹாரன் சத்தம். அப்புறம் ஹாலிஸின் குரலில் அந்தத் திட்டு, ஒரு வார்த்தை விடாமல்.

பின்வரிசையில் காபிக் குவளைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

ஹாலிஸுக்கு முதலில் வந்தது நிம்மதி. தாடிக்காரன் என்று ஒருவன் கிடையாது! அவள் யாரையும் மறைக்கவில்லை! அடுத்த நொடி பன்னிரண்டு டிரைவர்களும் தன்னைப் பார்ப்பது உறைத்தது. முதுகை நிமிர்த்திக்கொண்டு எழுந்தார்.

"ஜட்ஜையா, நான் தப்பா எழுதிட்டேன். பனி அப்படி. ஆனா குத்தம் குத்தம்தான். பொண்டாட்டின்னு பார்க்க மாட்டேன். நாப்பத்தொரு பிள்ளைங்க உயிர் என் கையில இருக்கு. விளக்கு மினுக்குறப்ப, இவ போன ஆட்டிக்கிட்டு வர்றா. எவ்வளவு அலட்சியம்! போடுங்க அபராதத்த. முழுசாப் போடுங்க."

ஆர்லீன் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணில் நீர் முட்டியது.

டொரீன் உணர்ச்சிவசப்பட்டு எழுந்தே விட்டாள். "பார்த்துக்குங்கப்பா, இவர்தான் டிரைவர்!" என்று பின்வரிசைக்குச் சொல்லிவிட்டு, கேடயத்தைத் தூக்கிக்கொண்டு ஹாலிஸை நோக்கி நடந்தாள். டிரைவர்கள் கைதட்டினார்கள். ஹாலிஸ் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினார்.

"ஒரு நிமிஷம்" என்றாள் மிஸஸ் பெட்டிட். அவள் படத்தை நிறுத்தி, ஆர்லீனின் கையைத் திரை முழுக்கப் பெரிதாக்கியிருந்தாள். "போன்னு பதிவு பண்ணச் சொல்றீங்க, ஆனா இது போன் இல்லீங்களே. காதுல நீல டேப் சுத்தியிருக்கு பாருங்க. இப்ப மிஸ்டர் வெதர்பி மூக்கு மேல இருக்கே, அதுதாங்க."