குதிரையைத் தொடாத டிரெய்னர்

நாமகிரிப்பேட்டையை விட்டு ராசிபுரம் போகிற சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. சட்டைப் பையில் மிச்சமிருந்த அச்சுவெல்லம் ஒன்று, அதைத் தேடி வந்த எறும்புகள் சில. வேலை போய் அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. அது எனக்குப் புதிதில்லை. ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடம் என்னை விட்டது. அதற்கப்புறம் நான் எதையாவது விட்டுக்கொண்டே இருக்கிறேன். போர்வெல் போடுகிற ரிக் வண்டி, முட்டை லோடு, லாரிப் பட்டறை, மெஸ்ஸில் மாவாட்டுவது என்று எதை விட்டு வந்தபோதும் திரும்பிப் பார்த்ததில்லை. அன்றைக்கு மட்டும் கால் பின்னியது. எடைமேடை டிரெய்னரின் முகத்தில் விழிக்க வேண்டும், அதனால்தான்.

இந்த நாட்டில் ஒரு குதிரையைக்கூடத் தொடாமல், ஒரு பந்தய மைதானத்தைக்கூட மிதிக்காமல், அத்தனை பந்தயக் குதிரைகளின் தலையெழுத்தையும் படித்து முடித்த ஒரே மனிதர் அவர்தான். தொட்டிருக்கவும் முடியாது. குதிரை ஒரு பர்லாங்கு தூரத்தில் வந்தாலே அவருக்குத் தும்மல் வந்துவிடும். ஒரு முறை ஆரம்பித்தால் தாலுகா எல்லை தாண்டும் வரை நிற்காது.

பெயர்தான் டிரெய்னரே தவிர அவர் யாருக்கும் எதையும் பழக்கியவரில்லை. நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகிற வழியில் ஓர் எடைமேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். லாரி மேடையில் ஏறும், எண் மின்னும், சீட்டைக் கிழித்துக் கொடுப்பார், லாரி இறங்கிப் போகும். ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் கிடைக்கிற நேரத்தில்தான் அவர் உண்மையில் வாழ்ந்தார். கைப்பேசியில் ரேஸ் பக்கத்தைத் திறந்து மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார்.

மற்றவர்கள் குதிரையின் பெயரைப் பார்ப்பார்கள், மேலே உட்காருகிற ஜாக்கியைப் பார்ப்பார்கள். நம்மவர் அந்தக் குதிரையைப் பழக்கியது யார் என்று மட்டும் பார்ப்பார். இந்த டிரெய்னர் ஓய்வு முடிந்து வருகிற குதிரையை முதல் ஓட்டத்திலேயே ஜெயிக்க வைப்பவரா, இரண்டாவதிலா? இன்னொருவரிடமிருந்து கை மாறி வந்த குதிரை இவரிடம் தேறுமா? எல்லாம் மனப்பாடம்.

"குதிர பேசாது சாமி. டிரெய்னர் பேசுவான், ஆனா பூராப் பொய். அவன் இதுவரைக்கும் எத்தனைய ஓட உட்டு எத்தனைல ஜெயிச்சான்னு பாரு. அது ஒண்ணுதான் நெசம்" என்று முதல் நாளே எனக்குச் சொல்லிவிட்டார். அப்போது நான் முட்டை லாரியில் லோடு ஆள். எடை போட வந்தவனுக்கு இவ்வளவு ஞானம் இலவசமாகக் கிடைத்தது.

பணம் கட்டுவாரா என்றால், கட்ட மாட்டார். பந்தயம் டீயோடு சரி. அவர் சொல்லும் குதிரை ஜெயித்தால் டிரைவர்கள் டீ வாங்கித் தருவார்கள். தோற்றாலும் அவர் அசைய மாட்டார். "கணக்கு சரிதானுங்க. அந்த டிரெய்னர் இன்னும் கொஞ்சம் ஓட உடோணும், அப்பத்தான் தெரியும்" என்பார். அந்தத் தெம்பு எனக்கு எந்த முதலாளியிடமும் கிடைத்ததில்லை.

குதிரையோடு நிறுத்தியிருந்தால் தொல்லையில்லை. டீக்கடையில் புது மாஸ்டர் வந்தால், அவர் யாரிடம் தொழில் பழகினார் என்று விசாரிக்காமல் டம்ளரைத் தொட மாட்டார். லாரி மேடையில் ஏறுகிற விதத்தைப் பார்த்து, "நீ பழகுனது சங்ககிரிப் பக்கத்து ஆள்கிட்டங்களா?" என்று டிரைவரைக் கேட்பார். பாதிப் பேர் ஆமாம் என்பார்கள். மீதிப் பேர் பழக்கியவரையே மறந்திருப்பார்கள். அவர்களையும் அவர் தன் கணக்கில் சேர்த்துக்கொள்வார்.

உச்சம், அவர் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று நடந்தது. மாப்பிள்ளை பெரிய ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் படித்தவர், நல்ல வேலை. மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜியைக் கையில் எடுத்த நேரத்தில் இவர் மரியாதையாக ஆரம்பித்தார். "ஏனுங்கம்மா, தம்பி உங்க கையில எத்தன வயசு வரைக்கும் இருந்தாப்ல? அப்பறம் ஹாஸ்டலுங்களா? அப்ப கை மாறி வந்தவருன்னு சொல்லுங்க. உங்க கையில ஜெயிச்சதுங்களா, அவிய கையில ஜெயிச்சதுங்களா?"

அந்த அம்மா பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தார். கார் தெருமுனை திரும்பும் வரை இவர் வாசலில் நின்று, தான் கேட்டதில் என்ன தப்பு என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

டிரெய்னரின் மனைவி ராசம்மா அக்கா எடைமேடைக்கு எதிரில் இட்லிக் கடை வைத்திருந்தார். அதிகம் பேசாதவர். அன்று பேசினார்.

"ஏனுங்க, உங்க கணக்கு நெசமா பொய்யா, இந்த நோம்பியில தெரிஞ்சுபோகட்டும். பந்தயத்துல ஓடுறதுல ஒரே ஒரு குதிரயச் சொல்லுங்க. ஜெயிச்சா நான் சாகுற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன். தோத்தா, அந்த ரேஸ் பக்கத்தக் கையில தொடக்கூடாது, கண்ணுல பாக்கக்கூடாது. மாரியாத்தா முன்னால சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணோணும்."

கோயில் திருவிழாவை நாங்கள் நோம்பி என்போம். நாமகிரிப்பேட்டைப் பக்கத்து மாரியம்மன் நோம்பியில் குதிரை வண்டிப் பந்தயம் நடக்கும். கோழிப் பண்ணைக்காரர்கள் அதற்கென்றே குதிரை வளர்ப்பார்கள். டிரெய்னர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சரி என்றார். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சில்லை. அவருக்கு இருந்ததே லாரிகளுக்கு நடுவில் கிடைக்கிற அந்த நேரம்தான். அதை அப்படியே அம்மன் காலடியில் வைத்துவிட்டு, கையை ஊதிக்கொண்டே வந்தார்.

அந்தச் சமயத்தில் நான் முட்டை லோடை விட்டுவிட்டு ஒரு பண்ணைக்காரரிடம் குதிரை பார்க்கிற வேலையில் இருந்தேன். மல்லி என்று சாம்பல் நிறப் பெண்குதிரை. அதைப் பழக்கிக்கொண்டிருந்த மீசைக்காரர் பக்கத்துப் பண்ணைக்குப் போய்விட்டதால் எனக்குக் கிடைத்த வேலை. குதிரையைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. பண்ணைக்காரர் கேட்கவும் இல்லை. தினமும் காலையில் சாலையோரமாக ஓட்டிப் போவேன். முட்டை லாரிகள் ஏர்ஹாரன் அடித்துக்கொண்டு பாய்ந்து வரும். மல்லி மிரண்டு வண்டியோடு வயலில் இறங்கிவிடும். ஆகவே ஒரு பழக்கம் செய்தேன். ஹாரன் கேட்டதும் இடது பக்கம் ஒதுக்கி நிறுத்தி, ஒரு வெல்லம் கொடுப்பேன். கொஞ்ச நாளில் நான் கடிவாளத்தைத் தொட வேண்டியதே இல்லாமல் போனது. ஹாரன் கேட்டால் தானே ஒதுங்கும், நிற்கும், கழுத்தைத் திருப்பும்.

நோம்பிக்கு முன்னால் டிரெய்னர் பண்ணைக்கு வந்தார், குதிரையைப் பார்க்க அல்ல, என்னைப் பார்க்க. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தூரத்தில் நின்றபடி என்னை மேலும் கீழும் அளந்தார். ஆணியில் தொங்கிய என் பையைக் காட்டி, துணியெல்லாம் அதற்குள்தான் இருக்கிறதா என்று கேட்டார். ஆமாம், நோம்பி முடிந்ததும் கிளம்பலாம் என்றிருக்கிறேன் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. நாலு தும்மல் தும்மிவிட்டுப் போனார்.

பந்தயத்தன்று கோயில் முன்னால் கூட்டம். மீசைக்காரர் பழக்கிய குதிரை எதுவும் ஓய்வு முடிந்த முதல் ஓட்டத்தில் தோற்றதில்லை என்பது ஊருக்கே தெரியும். டிரெய்னர்தான் எல்லோருக்கும் சொல்லியிருந்தார். அன்று அவர் ஓட விடுகிற குதிரையும் ஓய்வு முடிந்து வந்ததுதான். ஆகவே எல்லோரும் அதன் பெயரை எதிர்பார்த்தார்கள். இவர் மல்லி என்றார். ராசம்மா அக்காவே நன்றாக யோசித்துச் சொல்லச் சொன்னார்.

"யோசிச்சாச்சு. இந்தத் தம்பி எந்த வேலைலயும் நெலையா நிக்க மாட்டான். ஆனா விட்டுட்டுப் போற அன்னிக்கு அந்த வேலைய இவனாட்டம் எவனும் செய்ய மாட்டான். ரிக் வண்டிய விடற அன்னிக்குக் கழுவி கிரீஸ் போட்டுட்டுப் போனான். முட்ட லோட விடற அன்னிக்கு ஒரு முட்ட உடையல. இப்பப் பையக் கட்டி வெச்சிருக்கறான். பேசாமப் பாருங்க."

என் வாழ்க்கைக்கும் யாராவது கணக்கு வைத்திருப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. விட்டுப் போனவனை விட்ட இடத்தில் எல்லோரும் திட்டுவார்கள், பிறகு மறப்பார்கள். ஒருவர் ஒவ்வோர் இடத்திலும் விசாரித்துச் சேர்த்து வைத்திருக்கிறார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. மல்லியின் காதைச் சொறிந்துகொண்டு நின்றேன்.

கொடி விழுந்தது. மல்லி ஓடிய ஓட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வண்டியில் உட்கார்ந்திருந்தவர் பண்ணைக்காரரின் மருமகன். சாட்டையை எடுக்கவே இல்லை. திரும்பும் இடத்திலேயே மீசைக்காரரின் குதிரையை நாலு வண்டி நீளம் பின்னால் விட்டுவிட்டது. எல்லைக்கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நான் நின்றிருந்தேன். எனக்குப் பின்னால் ஒரு முட்டை லாரி. தும்மலுக்குப் பயந்து டிரெய்னர் அதன் கேபினுக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

மல்லி முன்னால் வருவதைப் பார்த்தார். மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு கையாலும் ஏர்ஹாரனை அமுக்கினார்.

மல்லி காதை நிமிர்த்தியது. மரியாதையாக இடது பக்கம் ஒதுங்கியது. நின்றது. கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது. பண்ணைக்காரரின் மருமகன் சாட்டையைத் தேடுவதற்குள் மீசைக்காரரின் குதிரை தாண்டிப் போய்விட்டது. அடுத்ததும் போனது. நொண்டிக்கொண்டு வந்த கடைசி வண்டிகூட எங்களுக்கு வழிவிட்டதற்கு நன்றி சொல்வதுபோலப் போனது.

ஊரே என்னைப் பார்க்கிறது. மல்லியும் பார்க்கிறது. நான் சட்டைப் பையிலிருந்து வெல்லத்தை எடுத்துக் கொடுத்தேன். கொடுக்காவிட்டால் அடுத்த முறை லாரி வரும்போது அது என்னை நம்பாது. நான் போகிற ஆள் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

பண்ணைக்காரர், தோற்ற குதிரைக்கு வெல்லம் கொடுப்பவனை இனி பண்ணைப் பக்கம் பார்க்கக் கூடாது என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

ராசிபுரத்தில் பஸ் ஏறி எடைமேடைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. லாரியில் வந்தவர் எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தார். கைப்பேசி மேசையில் கவிழ்ந்து கிடந்தது. மேடையில் லாரி இல்லை. டிரெய்னர் பொத்தானை அமுக்கி, காலி மேடையை எடை போட்டுக்கொண்டிருந்தார். பூஜ்யம் மின்னியது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அமுக்கினார். மறுபடி பூஜ்யம்.

என்னால்தான் இப்படி ஆனது என்று சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"உன்னால என்ன? ஹாரன அமுக்குனது என்ற கை. தோத்தது அது. டிரெய்னர் தோக்கலயே. அத்தன கூட்டத்துல, அத்தன வேகத்துல, நீ பழக்குனது பழக்குன மாதிரியே நின்னுது பாத்தியா? என்ற கணக்குல அப்பிடி ஒரு டிரெய்னரே கெடையாது."

குதிரை என்று சொல்லவில்லை, 'அது' என்றார். சத்தியத்தில் இல்லாததையும் சேர்த்துக் கடைப்பிடித்துக்கொண்டிருந்தார்.

ராசம்மா அக்கா சாலையைத் தாண்டி வந்து எனக்கு இட்லித் தட்டைக் கொடுத்தார். புருஷன் பூஜ்யத்தை அமுக்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வந்ததுலருந்து இதேதான். எழவு ஊடு மாதிரி இருக்குது" என்றார் என்னிடம். "ஏஞ்சாமி, உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"எழுத்துக் கூட்டிப் படிப்பேனுங்கக்கா."

"அது போதும். வேகமாப் படிச்சா இவரு லாரியக் கவனிக்க மாட்டாரு. தொடக்கூடாது, பாக்கக்கூடாதுன்னுதான் சத்தியம். காதப் பத்தி நான் எதும் சொல்லல." சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கடைக்குப் போய்விட்டார். லாரியை மேடையில் ஏற்றி நிறுத்த ஓர் ஆள் வேண்டுமென்று எடைமேடை முதலாளி வெகு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாளைக்குக் காலையில் சேர்ந்துவிடு என்றார் டிரெய்னர். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது; தும்மல் மிச்சம் என்றார்.

அன்று ராத்திரி பையை எடைமேடை அறையின் ஆணியில் மாட்டிவிட்டு அங்கேயே படுத்தேன். மறுநாள் காலை அந்த வேலையில் சேர்ந்தேன். முதல் லாரியைக் கையசைத்து ஏற்றினேன், இறக்கினேன். பிறகு அவருடைய கைப்பேசியைக் கையில் எடுத்து, முதல் பந்தயம், முதல் குதிரை, அதைப் பழக்கியவர் பெயர் என்று ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினேன். டிரெய்னர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கோயிலில் நிற்பதுபோலக் கேட்டார். சீட்டு வாங்க வந்த டிரைவர், இந்தப் புது ஆள் எத்தனை நாள் நிற்பான் என்று விசாரித்தார்.

"ரெக்கார்டுப்படி நிக்க மாட்டானுங்க" என்றார், கண்ணைத் திறக்காமலே.

அப்போதுதான் கவனித்தேன். ஆணியில் என் பை காற்றுப்போன பலூன்போலத் தொங்கியது. அறைக்குப் பின்னால் புதிதாக ஒரு கொடி கட்டியிருந்தது. நான் எழுவதற்கு முன்பே டிரெய்னர் எழுந்து, என் துணி மொத்தத்தையும் துவைத்து அதில் போட்டிருந்தார். நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஈரத் துணியோடு மனிதன் எங்கே போவது. இரண்டாவது பந்தயத்தைக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தேன்.